ஓடையோரப் பாதை மேடேறியது

தான் போட்ட பாதைகளிலேயே மேஸ்திரிக்கு உயிர் ஓடையோரப் பாதைதான். காட்டில் பாதை போடும் ஆட்களுக்கு அவள் தலைவி. அதனால் வனத்துறை ரேஞ்சர் முதல் ஜீப் டிரைவர் வரை எல்லோருக்கும் அவள் மேஸ்திரி. பெயர் சொல்லிக் கூப்பிடுவாரில்லை. அந்தப் பாதைக்கு ஒரு கரண்டி சிமெண்ட்கூடச் சேர்க்காமல், ஓடைக் கல்லையே பொறுக்கி, ஒன்றின் தோளில் ஒன்று சாய்ந்து நிற்கிற மாதிரி அடுக்கியிருந்தாள். எத்தனையோ வெள்ளம் வந்து போயிற்று. ஒரு கல் அசையவில்லை. பாதை முடிகிற இடத்தில், ஓடை குளம் போலத் தேங்கும் திட்டில், அவளுடைய அக்காவின் டீக்கடை இருந்தது. மலையேற வருகிறவர்கள் தங்கை போட்ட பாதையில் நடந்து, அக்கா கையால் டீ குடித்துவிட்டுத் திரும்புவார்கள்.

மழைக்காலத் தொடக்கத்தில் ஒரு நாள் ரேஞ்சர் அவளைக் கூப்பிட்டு அனுப்பினார். அவர் அறையில் ஜன்னல் கம்பியிலெல்லாம் ஈர மழைக்கோட்டுகள் சொட்டிக்கொண்டிருந்தன. மேஜைக் கண்ணாடிக்கு அடியில் மலையின் வரைபடம். முழங்கால் வரை சேறோடு ஒரு பெண் நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தாள். தவளைகளைப் பற்றி ஆராய்ச்சி செய்ய வந்தவள். ஆட்கள் அவளுக்குத் தவளை டாக்டர் என்று பெயர் வைத்திருந்தார்கள்.

"ஓடையோரப் பாதையை மூடணும், மேஸ்திரி," என்றார் ரேஞ்சர்.

"ஏன் சார், எங்க இடிஞ்சிருக்கு?"

"எங்கயும் இடியல. அதான் பிரச்சனையே. பாதை நல்லா இருக்கு, ஜனம் கூட்டம் கூட்டமா வருது. அங்க இருக்கற தவளை அழிஞ்சுகிட்டு வருதாம்."

மேஸ்திரிக்குச் சுருக்கென்றது. "நான் கல்லுதானே வெச்சேன்? விஷமா வெச்சேன்?"

டாக்டர் கோபப்படவில்லை. "உங்க மேல தப்பே இல்லைங்க. ஒரு தடவை என்கூட வந்து பாருங்க. அப்புறம் நீங்க சொல்றதை நான் கேக்கறேன்."

மறுநாளே போனார்கள். மழை தூறிக்கொண்டிருந்தது. பாதையோரம் பாசி படர்ந்த சரிவில் டாக்டர் மண்டியிட்டு ஓர் இலையைக் காட்டினாள். கண்ணாடி மணிகள் போல முட்டைகள். ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு கரும்புள்ளி துடித்துக்கொண்டிருந்தது. பக்கத்தில் கட்டைவிரல் நகம் அளவுக்கு ஒரு தவளை, அசையாமல்.

"அம்மாவா?" என்று மேஸ்திரி கிசுகிசுத்தாள்.

"அப்பா. முட்டை பொரியற வரைக்கும் இவர்தான் காவல். எங்கயும் போக மாட்டார்."

அந்த நேரத்தில்தான் பாதையில் நாலைந்து பேர் சிரித்துப் பேசிக்கொண்டு வந்தார்கள். இவர்களுக்கு வழிவிட ஒருவர் மரியாதையாக ஒதுங்கிச் சரிவில் கால் வைத்தார். "சாரிம்மா" என்று சொல்லிவிட்டு நடந்தார். அவர் போன பிறகு பார்த்தால், இலை மண்ணோடு மண்ணாக நசுங்கிக் கிடந்தது. தவளை மட்டும் தப்பியிருந்தது. அது ஓடிப்போகவில்லை. ஒரு தாவு தாவி, நசுங்கின இலைக்குப் பக்கத்திலேயே மறுபடி போய் உட்கார்ந்துகொண்டது.

மேஸ்திரி அதன் பக்கத்தில் குந்தினாள். "நுணலும் தன் வாயால் கெடும்னு சொல்வாங்க. இது பாவம், நம்ம காலால கெடுதே," என்றாள். திரும்பும் வழியெல்லாம் தன் கல்லின் மேலேயே அவள் பார்த்துப் பார்த்து அடிவைத்தாள்.

அக்காவிடம் அன்று மாலையே சொன்னாள். அக்கா பால் பாத்திரத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தவள், தேய்ப்பதை நிறுத்தவில்லை, சத்தம்தான் கூடியது.

"ஒரு தவளைக்காகக் கூடப்பொறந்தவ வயித்துல அடிக்கிறியாடி?"

"மேட்டு மேல வேற வழி போடறேன்க்கா."

"நீ போடு. என் கடைக்கு யார் வருவா? தவளை வந்து டீ குடிக்குமா?"

அதோடு பேச்சு நின்றது. சாப்பாட்டுத் தட்டைக்கூட மேஸ்திரி முன்னால் அக்கா வைக்கவில்லை. மாமாதான் கொண்டுவந்து வைத்தார். அவர் அக்காவின் கணவர், வாயில்லாப் பூச்சி.

மழை வலுப்பதற்குள் மூடிவிட வேண்டும் என்று ரேஞ்சர் அவசரப்படுத்தினார். ஓடைப் பாதையின் வாயில் கயிறு கட்டி, பலகை வைத்து, மேட்டில் நெட்டுக்குத்தாக ஒரு வழியை வெட்டிவிட்டார்கள். ஒரு வாரம்கூட ஆகவில்லை. அந்தப் பக்கம் போன மேஸ்திரி ஒரு காட்சியைக் கண்டாள். மலையேற வந்த சிலருக்காக மாமா கயிற்றை இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"குனிஞ்சு வாங்க சார். கயிறு சும்மா பேருக்குத்தான்."

அவளைப் பார்த்ததும் மாமா கயிற்றை விட்டுவிட்டார். அது ஒருவரின் தொப்பியைத் தட்டிக்கொண்டு விழுந்தது.

"மாமா, நீங்களேவா?"

"உங்கக்காதாம்மா அனுப்பினா. அங்க போனா அவ திட்டு, இங்க வந்தா உன் திட்டு. மத்தளத்துக்கு ரெண்டு பக்கமும் இடி."

தொப்பியைக் குனிந்து எடுத்தவர் சொன்னார்: "சட்டம் மீறணும்னு வரலைம்மா. அந்த மேட்டு வழியில ஏறிப் பாத்தோம். ஆடுகூட ஏறாது."

அவர்களைத் திருப்பி அனுப்பிவிட்டு, தொப்பிக்காரர் சொன்ன மேட்டு வழியில் மேஸ்திரி ஏறிப் பார்த்தாள். மூச்சு முட்டியது, இரண்டு இடத்தில் கையை ஊன்ற வேண்டியிருந்தது. அவர் சொன்னது சரிதான். தண்ணீரைப் போலத்தான் மனிதக் காலும். சுலபமான பக்கம்தான் ஓடும். அதைப் பலகை வைத்து மறிக்க முடியாது. அதற்கு இன்னொரு சுலபமான வழி காட்ட வேண்டும். தான் இதுவரை மூடுகிற வேலையைத்தான் செய்திருக்கிறோம், பாதை போடுகிற வேலையை இன்னும் தொடங்கவே இல்லை என்று அவளுக்குப் பட்டது.

ரேஞ்சரிடம் அவகாசம் கேட்டு வாங்கினாள். மழையில் நனைந்தபடி மேடு முழுக்க நடந்து, நீர் எங்கே வழிகிறது, எங்கே தேங்குகிறது என்று பார்த்து, சரிவை வளைத்து வளைத்துப் புதுப் பாதைக்கு அடையாளமாகச் சிவப்புத் துணி கட்டினாள். டாக்டரும் கூடவே வந்தாள். ஓரிடத்தில் அவள் கையைத் தூக்கி நிறுத்தினாள்.

"இங்க வேண்டாங்க. கொஞ்சம் தள்ளி."

"இங்கயும் தவளையா?"

"இல்ல, இது பூ. இந்தப் பாறையில மட்டும்தான் இருக்கு."

ஆட்களில் ஒருவர் மண்வெட்டியைப் போட்டுவிட்டுச் சிரித்தார். "தவளை டாக்டரா இருந்தவங்க இப்ப பூ டாக்டரும் ஆயிட்டாங்க. போற போக்குல நம்மளையும் பாதுகாத்துடுவாங்க போலிருக்கு."

துணியை அவிழ்த்துத் தள்ளிக் கட்டினார்கள்.

ஓடைப் பாதையின் முதல் படிகளைப் பெயர்க்க மேஸ்திரி யாரையும் விடவில்லை. கடப்பாரையைத் தானே எடுத்தாள். அவளே அடுக்கியது என்பதால் எந்தக் கல்லை முதலில் நெம்பினால் மற்றது நெகிழும் என்று கைக்குத் தெரிந்திருந்தது. ஒவ்வொன்றாக ஓடையில் இறக்கிவிட்டு, அந்த இடத்தில் விழுந்த மரக்கிளைகளைப் பரப்பி, புதர்ச் செடிகளை நட்டாள். கண் கலங்கியது. வியர்வை என்று துடைத்துக்கொண்டாள்.

அக்கா சண்டை போட வந்தது அதற்கு மறுநாள். படி பெயர்ந்த செய்தி கேட்டு, புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, பாதி வெட்டியிருந்த புதுப் பாதையில் விறுவிறுவென்று ஏறி வந்தாள். திட்டுவதற்கு வேண்டிய வார்த்தைகளை வழியெல்லாம் சேர்த்துக்கொண்டு வந்திருப்பாள். ஆனால் முட்டிவலிக்காரி அவள். தினமும் பால் கேனைத் தூக்கிக்கொண்டு ஓடைக்கு இறங்கி ஏறியே முட்டி தேய்ந்தவள். மேட்டு வளைவில் ஒரு தட்டைப் பாறையைப் பார்த்ததும் அதில் உட்கார்ந்துவிட்டாள். காற்று வந்து முகத்தில் மோதியது. கீழே பள்ளத்தாக்கு முழுவதும் மேகம் மேய்ந்துகொண்டிருந்தது.

மேஸ்திரி தண்ணீர் பாட்டிலை நீட்டினாள். அக்கா முறைத்துக்கொண்டே வாங்கிக் குடித்தாள். பிறகு, பெருமூச்சோடு, யாரிடம் என்றில்லாமல் சொன்னாள்:

"ஏறி வந்த களைப்புக்கு இங்க ஒரு டீ கெடைச்சா எவ்ளோ நல்லாருக்கும்!"

சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள். தங்கை முகத்தைப் பார்த்தாள். மேஸ்திரி உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. மண் சுமந்துகொண்டிருந்தவர்களும் சிரித்துவிட்டார்கள்.

"சிரிக்காதடி," என்றாள் அக்கா. அவள் வாயும் கோணியது. "பாலை யாரு தூக்கிட்டு வர்றது, உங்க மாமாவா?"

"தூக்கவே வேண்டாம். இந்தப் பாறைக்குப் பின்னால பத்தடியில ஜீப் ரோடு. கேஸ், பால் எல்லாம் வாசல்லயே இறங்கும். ரேஞ்சர்கிட்ட நான் பேசறேன்."

அக்கா எழுந்து போய் எட்டிப் பார்த்துவிட்டு வந்தாள். "கூரை ஸ்ட்ராங்கா போடணும். இந்தக் காத்துக்கு நம்ம தகரம் நிக்காது," என்றாள். சண்டை அதோடு முடிந்தது.

ரேஞ்சர் ஒரு நிபந்தனையோடு ஒப்புக்கொண்டார்: குப்பை ஒரு துண்டுகூடச் சரிவில் போகக்கூடாது. அக்கா அதைக் கடைக்கு வருகிறவர்களை அதட்டியே சாதித்தாள்.

அடுத்த மழைக்காலத்தில் ஒரு பிற்பகல். புதுப் பாதையில் ஆட்கள் மூச்சு வாங்காமல், வளைவுக்கு வளைவு நின்று வேடிக்கை பார்த்தபடி வந்துகொண்டிருந்தார்கள். டாக்டர் சொட்டச் சொட்ட நனைந்து ஓடைப் பக்கமிருந்து ஏறி வந்தாள். பழைய பாதை இருந்த தடமே பாசியில் மறைந்துவிட்டது என்றாள். முட்டை இல்லாத இலையைத்தான் தேட வேண்டியிருக்கிறது என்றாள். மேஸ்திரி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

மழை வலுத்தது. கீழே ஓடையிலிருந்து ஒரு தவளை குரல் கொடுத்தது. இன்னொன்று பதில் சொன்னது. பிறகு பள்ளம் முழுக்க அந்தச் சத்தம் பொங்கி மேட்டுக்கு ஏறியது. கடையில் இருந்தவர்கள் பேச்சை நிறுத்திவிட்டுக் காது கொடுத்தார்கள்.

ஒருவர் ஏதோ கேட்டார். அக்கா காதருகே கையைக் குவித்தாள்.

"என்ன சார்? ரெண்டு டீயா, மூணா? சத்தமா சொல்லுங்க. இதுங்க கத்தற கத்தல்ல ஒண்ணுமே கேக்க மாட்டேங்குது!"