தமிழ் தெரியாத டீச்சர்

எனக்குத் தமிழ் தெரியாது என்று பிள்ளைகளிடம் நடிக்கச் சொன்னவர் பால்பாண்டி சார். பக்கத்துப் பள்ளி ஆசிரியர். மாதம் ஒரு சனிக்கிழமை, சுற்றியுள்ள தொடக்கப் பள்ளி ஆசிரியர்கள் எல்லாம் ஒரு பள்ளியில் கூடி, ஆங்கிலத்தை எப்படிச் சொல்லிக்கொடுப்பது என்று யோசனை பரிமாறிக்கொள்வோம். ஒருவர் பொம்மையோடு வருவார், ஒருவர் பாட்டுப் பாடுவார், மற்றவர்கள் வடையில் கண்ணாக இருப்பார்கள். ஜூன் மாதக் கூட்டத்தில் பால்பாண்டி சார் வடையைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்.

"தமிழ் தெரிஞ்ச டீச்சர்கிட்ட பிள்ளைக எதுக்கு இங்கிலீஷ் பேசணும்? ராதாமணி மேடம், நீங்க ஆனையூருக்குப் புதுசா வந்திருக்கீங்க. அங்க ஒரு பிள்ளைக்கும் உங்களத் தெரியாது. வீட்டுல சௌராஷ்ட்ரா வேற பேசுறீங்க. தமிழே தெரியாதுன்னு உள்ள போங்க, என்ன ஆகுதுன்னு பாப்போம்."

எனக்குச் சுருக்கென்றது. மதுரையில் பிறந்து, மதுரையிலேயே படித்து, மதுரையிலேயே வாக்கப்பட்ட எனக்குத் தமிழ் தெரியாதாமே! ஆனால் எனக்கு வீம்பு ஜாஸ்தி. சரி என்று சொல்லிவிட்டேன். தலைமையாசிரியை சோணையம்மாள் சிரித்துக்கொண்டே இரண்டாம் வகுப்புக்குத் தமிழ்ப் பாடத்தைத் தான் எடுத்துக்கொண்டு, ஆங்கிலத்தையும் கணக்கையும் என்னிடம் விட்டார்.

முதல் நாளே பிள்ளைகள் முன்னால் என் கணவர் துளசிராமோடு போனில் சௌராஷ்டிர மொழியில் பேசினேன். அதோடு முடிந்தது. டீச்சர் வேற்று நாட்டுக்காரி, பாவம், வழி தெரியாமல் ஆனையூருக்கு வந்துவிட்டார் என்று வகுப்பே முடிவு கட்டியது. தண்ணீர் வேண்டுமா, பென்சிலைக் காணோமா, பக்கத்திலிருப்பவன் கிள்ளினானா, எல்லாவற்றுக்கும் ஆங்கிலத்தைத் தேடித்தான் ஆகவேண்டும். தீபாவளிக்குள் தேடிக் கண்டுபிடித்துவிட்டார்கள். பதிலுக்கு எனக்குத் தமிழ் கற்றுக்கொடுத்தார்கள். கையைப் பிடித்து வேப்பமரத்தில் வைத்து, "மரம்... சொல்லுங்க டீச்சர், ம... ரம்" என்பார்கள். நான் உளறுவேன். வயிறு குலுங்கச் சிரிப்பார்கள்.

சாப்பாட்டுக்குப் பிறகு அரைமணி நேரம் சின்னப் பிள்ளைகளைப் படுக்க வைப்போம். மின்விசிறி மெல்லச் சுற்றும். வெளியே வெயில் வெள்ளையாக நிற்கும். சத்துணவுக் கூடத்தில் பாத்திரம் கழுவும் பெண்கள் பேசுவது ஜன்னல் வழியே வரும். பதில் சொல்ல வேண்டியதில்லை என்றாகிவிட்டதால் அந்தத் தமிழ் எனக்குப் புதிதாகக் கேட்டது. வார்த்தைகள் அர்த்தத்தை எங்கோ இறக்கி வைத்துவிட்டு ஒலியாக மட்டும் மிதந்து வந்தன. "எம்புட்டு", "வாரேன்", "போறேன்"... கண்ணை மூடினால் நான் நிஜமாகவே ஏதோ கடல் தாண்டி வந்தவள்போல் இருக்கும். அந்த மயக்கம் எனக்குப் பிடித்திருந்தது. சில நாள் வீட்டுக்குப் போன பிறகும் அது தெளியாது.

அப்படி ஒரு மதியம்தான் ஆர்த்திகா என் நாற்காலி ஓரம் வந்து உட்கார்ந்தாள். ஏழு வயது. தூக்கம் வராத பிள்ளை. தரையைப் பார்த்துக்கொண்டு பேச ஆரம்பித்தாள்.

"டீச்சர், எங்கம்மா திருப்பூருக்கு வேலைக்குப் போயிருக்கு, திருவிழாவுக்கு வந்துரும்னு அப்பா சொல்லுது. வராது டீச்சர். எங்கள வேணாம்னு சொல்லிட்டுப் போயிருச்சு. அப்பா சித்தப்பாகிட்ட போன்ல சொல்லி அழுதுச்சு. நான் தூங்குற மாதிரி படுத்துக் கேட்டேன். எனக்குத் தெரியும்னு தெரிஞ்சா அப்பா இன்னும் அழும்."

புரியாதவளாக உட்கார்ந்திருந்தேன். எப்படி உட்கார்ந்திருந்தேன் என்று இன்றைக்கும் தெரியவில்லை. அதிலிருந்து தினமும் வந்து சொன்னாள். ஊரில் யாரிடமும் சொல்லாததை, காது கேட்டும் கேட்காத சாமியிடம் சொல்வதுபோல் என்னிடம் சொன்னாள். எனக்குத் தமிழ் தெரியும் என்று தெரிந்தால் இந்தப் பிள்ளை யாரிடம் போய்ச் சொல்லும்? அந்தப் பயத்திலேயே நான் வாயை இறுக்கி மூடிக்கொண்டேன்.

ஜனவரிக் கூட்டத்தில் என் வகுப்பின் வீடியோவைப் பார்த்து எல்லாரும் கைதட்டினார்கள். புதன்கிழமை மாவட்டத்திலிருந்து பார்க்க வருகிறார்கள் என்று பால்பாண்டி சார் சொன்னார்.

"அதுவரைக்கும் வாயத் தொறந்துராதீங்க மேடம். யோசன பலிச்சா எல்லாப் பள்ளிக்கும் கொண்டுபோலாம்."

நான் தலையாட்டினேன். பெருமையாகத்தான் இருந்தது, பொய் சொல்வானேன்.

திங்கட்கிழமை மதியம். எல்லாரும் தூங்கிவிட்டார்கள். ஆர்த்திகா வந்து உட்கார்ந்தாள்.

"நேத்து அப்பா புதுப் பாவாடை கொண்டு வந்துச்சு டீச்சர். அம்மா திருப்பூர்லருந்து குடுத்துவிட்டுச்சாம். உள்ள நம்ம மதுரைக் கடைச் சீட்டு இருந்துச்சு. அப்பா அத எடுக்க மறந்துருச்சு. நான் பிச்சுப் போட்டுட்டேன்."

பிறகு முதன்முறையாக நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தாள்.

"எனக்கு எல்லாம் தெரியும்னு அப்பாகிட்ட நீங்க சொல்றீங்களா? அது இன்னும் எத்தன பொய் சொல்லும், பாவம். எனக்குச் சொல்ல வரல."

பழக்கத்தில் புரியாதவள்போல் விழித்தேன்.

"உங்களுக்குத் தமிழ் தெரியும்ல டீச்சர். நான் சொல்றப்ப உங்க கண்ணு கலங்குதுல்ல. நான் யாருகிட்டயும் சொல்லல."

ஊரையே ஏமாற்றிய நடிப்பு இவளிடம் முதல் நாளே தோற்றிருக்கிறது. வீட்டில் தினம் நடிக்கிற பிள்ளைக்கு என் நடிப்பு எம்மாத்திரம்! அவள் தலையில் கை வைத்தேன்.

நாலு மணிக்கு அவள் அப்பா அழகுபாண்டி ஆட்டோவோடு வந்தார். எட்டு மாதமாக அவருக்கு நான் சொன்னதெல்லாம் "குட் ஈவ்னிங்" மட்டும்தான். வாசலில் வகுப்பே நின்றது. புதன்கிழமை ஞாபகம் வந்தது. போனால் போகிறது என்று நினைத்தேன்.

"அண்ணே, கொஞ்சம் நில்லுங்க. உங்ககிட்ட பேசணும்."

வாசலில் ஒரே கூச்சல்.

"டேய், டீச்சருக்குத் தமிழ் வந்துருச்சுடா! நாம சொல்லிக்குடுத்தது வந்துருச்சுடா!"

அந்தக் கூச்சலுக்குள் அவரை ஓரமாக அழைத்துப்போய் எல்லாவற்றையும் சொன்னேன். அவளுக்கு ரொம்ப நாளாகத் தெரியும் என்றேன். நீங்கள் அழக்கூடாது என்றுதான் தெரியாததுபோல் இருக்கிறாள் என்றேன். அவர் மெல்லக் கேட்டார்.

"பாவாட...?"

"அதுவும்தாண்ணே."

அவர் மெதுவாகப் போய் ஆட்டோவில் உட்கார்ந்தார். வண்டியைக் கிளப்பவில்லை. கைப்பிடியைப் பிடித்தபடி தலையைக் குனிந்துகொண்டார், தோள் குலுங்கியது. பின் இருக்கையிலிருந்த ஆர்த்திகா புத்தகப்பையை வைத்துவிட்டு இறங்கி, முன்னால் வந்து, அவரை ஒட்டி இடம்பிடித்து உட்கார்ந்தாள்.

"எனக்கு அந்தப் பாவாட புடிச்சிருக்குப்பா," என்றாள்.