அடுப்பு எந்தப் பக்கம்?

காரைக்கால் சர்க்கார் பள்ளியின் டிரில் மாஸ்டர் மாணிக்கவேல் வாயைத் திறந்தால் நியாயம்தான். காபியில் சர்க்கரை குறைந்தால் நியாயம் பேசுவார். பக்கத்து வீட்டு முருங்கை தம் கொல்லைப் பக்கம் சாய்ந்தால் அதற்கும் நியாயம் பேசுவார். சாய்ந்த கிளையில் காய் பிடித்துவிட்டால் மட்டும் அந்தப் பேச்சையே எடுக்க மாட்டார். அவர் மனைவி செல்லம் இதைப் பல வருஷமாகக் கவனித்து வந்தாள். சமயம் வரட்டும் என்று சேர்த்து வைத்திருந்தாள்.

அவருடைய நியாயங்களிலெல்லாம் பெரியது கால்பந்துக் கப்பைப் பற்றியது. தை பிறந்ததும் அரசலாற்றங்கரைத் திடலில் பள்ளிகளுக்கு இடையே பந்தயம் நடக்கும். கப்பை வருஷா வருஷம் மரைக்காயர் பள்ளிதான் தூக்கிக்கொண்டு போகும். நூகு மரைக்காயர் சைகோன் வியாபாரத்தில் சம்பாதித்துக் கட்டிய பள்ளி அது. ஹாஸ்டல் உண்டு. பந்து நன்றாக உதைக்கிற பையன் நாகூரில் இருந்தாலும் சரி, தரங்கம்பாடியில் இருந்தாலும் சரி, ஆள் அனுப்பிக் கூட்டி வந்து சேர்த்துவிடுவார்கள். காலுக்கு சைகோன் பூட்ஸ், காலையில் முட்டை, வெள்ளிக்கிழமை கறிச்சோறு. சர்க்கார் பள்ளிக்கோ எந்தப் பிள்ளை வந்து சேருகிறதோ அதுதான் பிள்ளை. வெறுங்கால், வீட்டில் மிச்சம் இருந்தால் பழைய சோறு.

தோற்பதைக்கூட மாணிக்கவேல் பொறுத்துக்கொள்வார். மரைக்காயர் பள்ளியின் டிரில் மாஸ்டர் தியாகராசன் செல்லத்தின் கூடப்பிறந்த தம்பியாக இருந்ததைத்தான் அவரால் பொறுக்க முடியவில்லை. ஜெயித்த கையோடு அவன் கப்பை அக்கா வீட்டுக்கு எடுத்து வந்துவிடுவான். செல்லம் அதை வாங்கிப் புளி போட்டுத் தேய்த்துப் பளபளவென்று ஆக்கிக் கொடுப்பாள். தம் வீட்டுப் புளியில் ஊரான் வீட்டுக் கப் மினுங்குவதைப் பார்த்துக்கொண்டு மாணிக்கவேல் சாப்பிடாமலே எழுந்து போவார். ஒரு தடவையாவது அந்தக் கப் உரிமையோடு தம் வீட்டுப் படியேற வேண்டும் என்பதைத் தவிர அவருக்கு வேறு ஆசையே இல்லாமல் போயிற்று.

அந்த வருஷம் கீழவாஞ்சூரிலிருந்து அரசப்பன் என்று ஒரு பையன் வந்து பள்ளியில் சேர்ந்தான். கடலுக்குப் போகிற வீட்டுப் பிள்ளை. மணலில் ஓடி ஓடி உரமேறிய கால். அவன் பந்தை எடுத்துக்கொண்டு புறப்பட்டால் மற்றவர்கள் வழிவிட்டுத்தான் ஆக வேண்டும். மாணிக்கவேலுக்குத் தெம்பு வந்தது. தெம்பு வந்ததும் நியாயமும் வந்தது. பந்தயக் கமிட்டி கூடியபோது எழுந்து நின்று, காரைக்கால் கப் காரைக்கால் பிள்ளைகளுக்கே என்று ஒரு விதி போட வேண்டும் என்றார்.

கமிட்டித் தலைவர் நூகு மரைக்காயர்தான். பெரிய மனிதர், தம் பள்ளிக்கு எதிராகப் பேசுகிறவனுக்கும் முதலில் டீ வரவழைத்துக் கொடுக்கிறவர். தியாகராசன் எழுந்து, தன் பள்ளிப் பிள்ளைகளும் காரைக்காலில்தான் உண்டு உறங்குகிறார்கள், அவர்களும் காரைக்கால்காரர்கள்தானே என்று கேட்டான். மாணிக்கவேல் இதற்காகவே காத்திருந்தார்.

பிரெஞ்சுக்காரன் ஆண்ட காலத்தில் எல்லை ஓரத்து வீடுகளுக்கு ஒரு பழக்கம் இருந்தது. வீட்டின் பாதி இந்தப் பக்கமும் பாதி அந்தப் பக்கமும் விழுந்தால் அந்தக் குடும்பம் எந்த ஊர்க் கணக்கு என்பதற்கு ஊர்ப் பஞ்சாயத்து நாட்டார்கள் அடுப்பைத்தான் பார்ப்பார்கள். உலை எந்தப் பக்கம் கொதிக்கிறதோ அந்தப் பக்கத்துக் குடி. அந்தப் பழக்கத்தை மாணிக்கவேல் சபையில் எடுத்து வைத்தார். ஹாஸ்டல் அடுப்பு கணக்கில்லை, பெற்றவர்கள் வீட்டு அடுப்பு எந்தப் பக்கம் எரிகிறதோ பிள்ளையும் அந்தப் பக்கம்தான் என்றார். கிழவர்கள் தலையாட்டினார்கள். மரைக்காயருக்கு முகம் வாடிவிட்டது. ஆனாலும் பழைய நியாயத்தை மறுக்க முடியாது என்று ஒப்புக்கொண்டார்.

தியாகராசன் மட்டும் மோவாயைத் தடவிக்கொண்டு சிரித்தான். "சரிங்க அத்தான். அடுப்பே சாட்சியா இருக்கட்டும்."

தோற்றவன் சிரிப்பு இப்படித்தான் இருக்கும் என்று எண்ணிக்கொண்டு, மாணிக்கவேல் வழியில் அல்வா வாங்கிப் போனார். பிரெஞ்சுக்காரன் மூட்டை கட்டிக்கொண்டு போய்ச் சுங்கச் சாவடிகள் காற்றாடிக் கிடக்கும் நாளில், போன எல்லையைத் தாம் கைப்பிடித்துத் திரும்பக் கூட்டி வந்துவிட்டோம் என்று அவருக்குத் தோன்றவில்லை. மரைக்காயர் பள்ளியின் அணியில் பாதிப் பேர் உட்கார்ந்துபோனார்கள். அந்தப் பிள்ளைகள் திடல் ஓரத்தில் நின்று வேடிக்கை பார்த்ததை அவர் கண்டும் காணாததுபோல் கடந்து போனார்.

பந்தயத்துக்கு ஒரு மாதம் இருக்கும்போது அவருக்கு ஒரு கவலை பிடித்தது. அரசப்பன் விடியற்காலையில் அப்பனோடு கடலுக்குப் போய்விட்டுப் பள்ளிக்கூடத்துக்கு வருவான். சாயங்காலம் ஆட்டத்தில் பாதியிலேயே அவனுக்குக் கண் சொருகியது. பந்தயம் முடியும் வரை அவனைக் கடலுக்கு அனுப்ப வேண்டாம் என்று சொல்லிவிட்டு வரலாம் என்று ஞாயிற்றுக்கிழமை சைக்கிளை எடுத்துக்கொண்டு கீழவாஞ்சூர் போனார்.

அரசப்பனின் தாய் தையல்நாயகி மீன் கூடையை இறக்கி வைத்துவிட்டு அப்போதுதான் வந்திருந்தாள். வந்த காரியத்தை அவர் சொன்னதும், பிள்ளை கடலுக்குப் போகாவிட்டால் சட்டியில் எதைப் போட்டுக் காய்ச்சுவது என்று நேராகக் கேட்டாள். முதலில் சாப்பிடுங்கள், பிறகு யோசிக்கலாம் என்று வீட்டுக்குள் அழைத்துப் போனாள். நீண்ட கூரை வீடு. கொல்லைப் பக்கத்துச் சமையல் கட்டில் பலகை போட்டாள். வாசப்படிக்கும் அடுப்புக்கும் நடுவே ஒரு கல் முக்கால்வாசி புதைந்து கிடந்தது. அதன்மேல் உப்புச் சட்டி இருந்தது. மத்தி மீன் குழம்பு மணத்தது. மாணிக்கவேல் கவலையை மறந்து பிசைந்து அடித்தார்.

"நல்லா சாப்புடுங்க வாத்தியாரய்யா. அங்கேருந்து இங்க வந்து சாப்புட யாருக்குக் குடுத்து வச்சிருக்கு?"

எங்கிருந்து எங்கே என்று அவர் கேட்டார்.

"எல்லைக் கல்லத் தாண்டித்தானே வந்தீங்க. வாசல்ல உக்காந்தா காரக்காலு, அடுப்படியில உக்காந்தா மெட்ராசு ராஜ்ஜியம். காரக்காலு போலீசு வந்தா ஆம்பளைங்க அடுப்படிக்கு வந்துருவாங்க, மெட்ராசு போலீசு வந்தா வாசலுக்குப் போயிருவாங்க. எங்க மாமியா காலத்துலேருந்து இப்படித்தான்."

மாணிக்கவேலுக்குத் தொண்டையில் முள் சிக்கியது. அவள் வெறுஞ்சோற்றை உருட்டிக் கொடுத்தாள். முள் இறங்கிவிட்டது, கல் இறங்கவில்லை.

விஷயத்தைக் கேட்டதும் தையல்நாயகி வயிறு குலுங்கச் சிரித்தாள். இதற்கா இவ்வளவு என்றாள். "ரெண்டு நாளைக்கு அடுப்பத் தூக்கி வாசல்ல வச்சிட்டாப் போச்சு. ஆளையே மாத்தி மாத்தி வச்சவங்க நாங்க. அடுப்பு என்ன பெரிய காரியம்?"

சரி என்ற வார்த்தை அவர் நுனி நாக்கு வரை வந்துவிட்டது. அடுப்பை நகர்த்தினால் யாருக்குத் தெரியப் போகிறது? ஆனால் எதிர்க்காற்றில் சைக்கிளை மிதித்துக்கொண்டு திரும்பும்போது மனசு வேறு கணக்குப் போட்டது. இரண்டு நாள் எரிகிற அடுப்பு ஒருவனைக் காரைக்கால்காரன் ஆக்குமென்றால், வருஷக்கணக்காகச் சோறு பொங்கிப் போடுகிற ஹாஸ்டல் அடுப்பு என்ன பாவம் செய்தது? திடல் ஓரத்தில் நின்ற பிள்ளைகளின் முகம் ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது. அவருக்கு வெட்கமாக இருந்தது. விதியைச் சொன்னபடி நடத்தினால் அரசப்பன் போவான், அவனோடு கப்பும் போகும். மறைத்தால் கப் வரும், அதைத் தேய்க்கிற செல்லத்தின் முகத்தைத்தான் பார்க்க முடியாது.

வீட்டுக்கு வந்து செல்லத்திடம் சொன்னார். அவள் முறத்திலிருந்து தலையைத் தூக்காமல், "முருங்கை நம்ம பக்கம் காய்ச்சிருக்குதாக்கும்" என்றாள். இத்தனை வருஷம் சேர்த்து வைத்தது அந்த ஒரு வார்த்தைக்குத்தான்.

மறுநாள் அவர் மரைக்காயரின் சரக்குக் கிட்டங்கிக்குப் போனார். தியாகராசனும் அங்கே இருந்தான். நின்றபடியே எல்லாவற்றையும் சொல்லி முடித்தார். மரைக்காயர் தியாகராசனைப் பார்த்தார்.

தியாகராசன் மோவாயைத் தடவினான். "எனக்குத் தெரியும் அத்தான். போன வருசமே அவன ஹாஸ்டலுக்குக் கேக்கப் போனேன். அந்த அடுப்படியிலதான் எனக்கும் சோறு போட்டாங்க. பிள்ளைய விடமாட்டேன்னுட்டாங்க."

அப்படியானால் இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை என்று மரைக்காயர் கேட்டார். அரசப்பன் கோல் போடட்டும், போட்ட பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்ததாக அவன் கூசாமல் சொன்னான். பாம்பின் கால் பாம்பறியும். மாணிக்கவேலுக்குக் கோபம்கூட வரவில்லை. தாமும் நேற்று அடுப்பைத் தூக்கி வாசலில் வைக்க இருந்தவர்தானே.

"விதிய எடுத்துருங்க" என்றார். "நான்தான் தப்பான எடத்துல கோடு போட்டுட்டேன். பிள்ளைங்க எந்த ஊருங்கறதுல ஒண்ணுமில்லீங்க. உங்க பிள்ளைங்க முட்டை தின்னுட்டு வருது, எம் பிள்ளைங்க பட்டினியா வருது. வெறுங்காலோட ஓடிருவானுங்க. வெறும் வயித்தோட எப்படி ஓடுவானுங்க?"

அவர் குரல் லேசாக உடைந்தது. நியாயம் பேசும்போது அவருக்கு ஒருநாளும் குரல் உடைந்ததில்லை.

மரைக்காயர் தாடியைக் கோதிக்கொண்டார். "இத மொதல்லயே சொல்லிருக்கலாமே மாஸ்டர்? ஓட்டப்பந்தயத்துல ஒருத்தன் காலக் கட்டிப்போட்டு ஜெயிச்சா அது ஜெயிப்பா? பந்தயம் முடியிற வரைக்கும் உங்க புள்ளைங்களும் நம்ம ஹாஸ்டல்லயே சாப்புடட்டும். அந்த அரசப்பன் வீட்டுச் சட்டிக்கும் நான் பாத்துக்கறேன். அல்லாஹ் குடுத்த சோறுதானே, ரெண்டு பந்தி கூடப் போட்டா கொறஞ்சா போயிரும்?"

அதுவரை சிரித்துக்கொண்டிருந்த தியாகராசனின் முகத்திலிருந்து சிரிப்பு போயிற்று.

மறுநாளிலிருந்து சர்க்கார் பள்ளிப் பிள்ளைகள் மரைக்காயர் பள்ளிப் பிள்ளைகளோடு ஒரே பந்தியில் உட்கார்ந்தார்கள். முதல் நாள் முட்டையைப் பாதி தின்று மீதியைத் தங்கைக்கென்று டிராயர் பையில் போட்டுக்கொண்டான் ஒருவன். சமையல்காரர் மருதையன் முணுமுணுத்தபடி அவன் இலையில் இன்னொன்று வைத்தார். அரசப்பன் கடலுக்குப் போகாமல் தூங்கி எழுந்தான். மாதம் முடிவதற்குள் பிள்ளைகளின் கன்னத்தில் சதை தெரிந்தது.

பந்தயத்தன்று திடல் கொள்ளவில்லை. விதியை எடுத்துவிட்டதால் ஹாஸ்டல் அணியும் முழுசாக இறங்கியது. இரண்டு பக்கமும் விட்டுக்கொடுக்காமல் ஆடினார்கள். பொழுது சாயும் நேரத்தில் அரசப்பன் பந்தை எடுத்துக்கொண்டு புறப்பட்டான். சைகோன் பூட்ஸ்கள் குறுக்கே வந்தன. வெறுங்கால் நிற்காமல் போயிற்று. அந்த ஒரு கோலோடு ஆட்டம் முடிந்தது. மாணிக்கவேல் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். வேர்வை என்று பிறகு சொல்லிப் பார்த்தார், ஒருவரும் நம்பவில்லை.

கப் அவர் வீட்டுப் படியேறியது. கூடவே தியாகராசனும் ஏறினான். அது எங்கள் பந்திச் சோறு போட்ட கோல், ஆகையால் கப்பில் பாதி எங்களுடையது என்று உட்கார்ந்து வழக்காடினான். செல்லம் கப்பைத் தேய்க்கவில்லை. நம் வீட்டுக் கப்தானே, மெதுவாகத் தேய்க்கலாம், ஓடியா போகப் போகிறது என்றாள். அவருக்கு அதுவும் இனிக்கத்தான் செய்தது.

பந்தயம் முடிந்தும் ஹாஸ்டல் பந்தி நிற்கவில்லை. அடுத்த வருஷம் கமிட்டி கூடியது. மாணிக்கவேல் பேச ஒன்றும் இல்லாமல் ஓரத்தில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். தியாகராசன் எழுந்து நின்றான்.

"தலைவர் அவங்க மன்னிக்கணும். சர்க்கார் பள்ளிப் பிள்ளைங்க ஹாஸ்டல்லயும் சாப்புடுது, வீட்டுலயும் போயிச் சாப்புடுது. அவங்களுக்கு ரெண்டு அடுப்பு, எங்களுக்கு ஒரு அடுப்பு. இது நியாயமாங்க?"

நியாயம் என்ற சொல்லை மச்சான் வாயில் கேட்டபோதுதான், தாம் ஜெயித்துவிட்டோம் என்பது மாணிக்கவேலுக்கு முழுதாக உறைத்தது. மரைக்காயர் சிரிப்பை அடக்கிக்கொண்டு அவரைப் பார்த்து, என்ன சொல்றீங்க மாஸ்டர் என்றார்.

மாணிக்கவேல் டீ கிளாசைக் கீழே வைத்தார். "மாப்ள சொல்றது நியாயந்தாங்க. ஞாயித்துக்கிழமையில ஹாஸ்டல் பிள்ளைங்க எங்க பிள்ளைங்க வீட்டுக்கு வரட்டும். ஆளுக்கு ஒரு வீடு. தையல்நாயகி வீட்டு அடுப்படியில கல்லுக்கு அந்தப் பக்கமும் நாலு பேரு உக்காரலாம்."

தியாகராசனோடு வந்து வாசலில் காத்திருந்த ஹாஸ்டல் பிள்ளைகளின் காதில் அது விழுந்தது. அம்மா கையால் சாப்பிட்டு மாதக்கணக்கான பிள்ளைகள் அவர்கள். கப் ஜெயித்த வருஷங்களில்கூட அவர்கள் அப்படிக் கத்தியதில்லை. தியாகராசன் அந்தச் சத்தம் வந்த வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தான். பிறகு நியாயத்தை அப்படியே விட்டுவிட்டு உட்கார்ந்துவிட்டான்.