இடக்கைச் சாம்பார்

இதில் ஓர் எழுத்துகூடப் பொய்யில்லை. சந்தேகம் உள்ளவர்கள் மயிலாப்பூருக்குக் கிளம்பி வரலாம். கபாலீஸ்வரர் சந்நிதியில் கற்பூரத்தை அணைத்தே சத்தியம் செய்து தரப்படும்.

தொண்ணூற்றெட்டில், தி.நகரில் ஒரு சலூனுக்கு மேலிருந்த மாடியறையில் ஜெயபாரதி கம்ப்யூட்டர் கேம் ஒன்று செய்துகொண்டிருந்தாள். கல்யாணப் பந்தியில் சாம்பார் வாளியோடு ஓடி ஓடிப் பரிமாற வேண்டும், அதுதான் ஆட்டம். முதல் போட்டு, அந்த அறையையும் கொடுத்தவர் சமையல் காண்ட்ராக்டர் கல்யாணராமன்.

"செவ்வாய்க்கிழமை, ராகு காலம் முடிஞ்சு நாலரைக்கு வரேன். பார்க்கச் சகிக்கலேன்னா ரூமைக் காலி பண்ணிட்டு என் அண்டா குண்டாவைப் போட்டுப்பேன்" என்று சொல்லியிருந்தார். சொன்னால் செய்கிற மனுஷர்.

பரிமாறுகிறவனை ஜெயபாரதி ஒரு மென்பொருளில் உருவாக்கி, நடக்கவும் குனிந்து ஊற்றவும் பழக்கியிருந்தாள். அங்கே அவன் தங்கமான பிள்ளை. கேமை ஓட்டுகிற இன்ஜினுக்குள் அனுப்பியதும்தான் புத்தி மாறியது. மல்லாந்து படுத்து, தரையில் நீந்தியபடியே சாம்பார் ஊற்றினான்.

"இன்னாக்கா, உன் ஆளு மெரினால குளிச்சிக்கினு கீறான்?" என்றான் புரோகிராமர் விக்கி.

"நிமிர்த்துடா முதல்ல."

நிமிர்த்தினான். எழுந்து நின்றவன் இடக்கையால் பரிமாறினான். பந்தியே இடக்கையால் சாப்பிட்டது. மென்பொருளுக்கு எது வலதோ, அது இன்ஜினுக்கு இடது. விக்கி ஆளை இடம் வலமாகப் புரட்டிப் பார்த்தான். வேட்டி உடம்புக்குள்ளே போய்விட்டது.

இடக்கைச் சாம்பாரைக் கல்யாணராமன் கண்ணால் பார்த்தால் போதும், அண்டா படியேறிவிடும். ஜெயபாரதி கீழே இறங்கினாள். சலூன்காரர் இனாயத் யாருக்கோ முடி வெட்டிக்கொண்டிருந்தார். கண்ணாடிக்குள் இருந்த இனாயத் இடக்கையில் கத்தரி பிடித்திருந்தார்.

"பாய், ஒரு மணி நேரம் கடை வேணும்."

"கம்ப்யூட்டருக்கும் கட்டிங்கா?"

நாலரைக்கு வந்த கல்யாணராமனை, மேலே ஃபேன் ஓடவில்லை என்று சொல்லிச் சுழல் நாற்காலியில் உட்கார வைத்தார்கள். அவர் முதுகுக்குப் பின்னால் ஸ்டூலில் மானிட்டர். படம் எதிர்க் கண்ணாடியில். ஸ்கோர் மட்டும் கண்ணாடியில் திரும்பித் தெரிந்ததால், இனாயத் அதன்மேல் ஒரு குத்து ஷேவிங் நுரையை அப்பினார். மீதியைக் கல்யாணராமன் கன்னத்தில்.

பரிமாறுகிறவன் வலக்கையால் ஊற்றிக்கொண்டு வந்தான். சலூனில் முன்னும் பின்னும் கண்ணாடியாதலால் பந்தி ஒன்று பலவாகி, கோடம்பாக்கம் பாலத்தைத் தாண்டிப் போயிற்று. பாலத்தடியில் ஒருவர் இன்னொரு கரண்டி கேட்டார், அவருக்கும் கிடைத்தது.

"அந்த மூலையில வெள்ளையா என்னது?"

"அப்பளம், மாமா" என்றான் விக்கி.

"இன்னும் பொரியலையே."

கல்யாணராமன் கண்ணாடியை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. இனாயத் இரண்டு கன்னத்தையும் முடித்துவிட்டார்.

"சிந்தாம ஊத்தறான். எங்காளுக்கு இந்தக் கை வராது. ரூம் உங்க கிட்டயே இருக்கட்டும்மா, அண்டாவை எங்காத்துலயே வெச்சுக்கறேன்" என்று கன்னத்தைத் தடவிக்கொண்டே கல்யாணராமன் எழுந்து போனார்.

காலையிலிருந்து அடக்கியிருந்த மூச்சை ஜெயபாரதி அப்போதுதான் விட்டாள். விட்ட வேகத்தில் சுவரிலிருந்த தினக்காலண்டரின் செவ்வாய்க்கிழமைத் தாள் கிழிந்து, நுரையில் போய் ஒட்டிக்கொண்டது.

மெட்ராஸில் செவ்வாய்க்கிழமை சலூனுக்கெல்லாம் லீவு.