துண்டுக்கடியில் பேசிய விலை

இரண்டு விரல், ஓர் உயிருக்கு அவ்வளவுதான் விலை, சிவப்புத் துண்டுக்கு அடியில் வைரக்கண்ணு மச்சானின் ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் பிடித்தபடி நிற்கிறேன், பாலத்துக்குக் கீழே தண்ணீர் போய்க்கொண்டிருக்கிறது, கனவில் வரும்போது அது வெட்டாறாக இருக்கிறது, விழித்தபின் குடமுருட்டி என்று படுகிறது, தஞ்சாவூருக்கும் திருவையாற்றுக்கும் நடுவே ஐந்து ஆறுகளை ஓடவிட்டவன் என்னைப் போன்ற ஞாபகக்காரனை நினைத்துப் பார்க்கவில்லை. மாட்டுத் தரகு எங்கள் பிழைப்பு, மச்சான் என் அக்காள் தையல்நாயகியைக் கட்டியவர், தொழிலில் எனக்குக் கூட்டாளி, சந்தையில் விலையை நாங்கள் வாயால் பேசுவதில்லை, வாய் இருப்பது கூட்டத்துக்காக, இது மாடா ஆடா, இதைக் கட்டித் தீனி போட எவனால் ஆகும் என்று அது பாட்டுக்குக் கத்திக்கொண்டிருக்கும், விலை துண்டுக்கு அடியில் நடக்கும், எதிராளி கையில் எத்தனை விரலைப் பிடிக்கிறோமோ அத்தனை, ஒரு விரல் நூறா ஆயிரமா என்பதை மட்டும் முதலில் வாயால் சொல்லிவிட வேண்டும், உள்ளங்கையில் அடித்து முடித்த விலையை அப்புறம் மாற்றக் கூடாது, மாற்றியவனோடு சந்தையில் ஒருவனும் டீ குடிக்க மாட்டான்.

அன்று மார்கழி, தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் மச்சான் டீக்கடைக்குப் போன நேரத்தில் டாக்டர் என்னிடம் சொல்லிவிட்டார், ஈரலில் கட்டி, இனி அறுத்துப் பிரயோசனமில்லை, ரெண்டு மாசம், அதுக்கு மேல எதிர்பார்க்காதீங்க, சொல்லிவிட்டு அடுத்த சீட்டைக் கூப்பிட்டார், வெளியே வந்து பஸ் ஏறலாம் மச்சான் என்றேன், ஏன், நாம ஓட்டிட்டுப் போன மாடெல்லாம் பஸ்ஸுலயா ஊரு போய்ச் சேந்துச்சு, நட மாப்ளே, என்று வேட்டியை மடித்துக் கட்டினார், நடந்தோம், நடக்கிறோம், பெரிய கோயில் விமானம் கொஞ்ச தூரம் முதுகுக்குப் பின்னாலேயே வருகிறது, கரந்தையில் வடவாறு, பாலத்துக் கைப்பிடியில் சாய்ந்துகொண்டு மச்சான் தோள் துண்டை உதறித் தன் கைமேல் போட்டு நீட்டுகிறார், டாக்டரு என்ன வெல சொன்னாரு, புடி பாப்போம், சும்மா வாங்க மச்சான், மாத்திரை எழுதிக் குடுத்திருக்காரு, என்று துண்டை எடுத்து அவர் தோளிலேயே போட்டுவிட்டேன், ஒரு ஆறு தப்பித்தது.

பள்ளியக்கிரகாரம் தாண்டி வெண்ணாறு, அதைத் தாண்டினால் இருபுறமும் சம்பா, கதிரில் பால் பிடித்துத் தலை சாயலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டு நிற்கிறது, வரப்பில் கொக்குகள், வாழைத்தோப்புக்கு மேலே மெல்லிய பனி, இந்த அழகைக் காசு கொடுத்துப் பார்க்க வருகிறவர்கள் இருக்கிறார்கள், எங்களுக்கு அன்று ஓசி, ஓசியில் வருவதைச் சந்தேகப்படுவது எங்கள் வீட்டு வழக்கம், மச்சானுக்கு மூச்சு வாங்கியது, ஒரு மைல்கல்லில் உட்கார்ந்தார், எமன் எருமையிலதானே வருவான் மாப்ளே, வரட்டும், பல்லப் புடிச்சுப் பாத்துட்டுத்தான் ஏறுவேன், கெழட்டு எருமையா இருந்துச்சுன்னா, திருப்பி ஓட்டிட்டுப் போடான்னுருவேன், சிரித்தார், சிரிப்பு இருமலாகி நீண்டது, நிமிர்ந்தபோது கண் வெள்ளையில் மஞ்சள், நான் கொக்குகளைப் பார்த்தேன். வெட்டாற்றில் மறுபடியும் துண்டு, எங்கிட்ட வாயால பேசாத, ஒன் வாய்க்கு என்ன மதிப்புன்னு எனக்குத் தெரியும், கையக் குடு, அங்கேயும் நழுவினேன், நழுவினேனா, கனவில் மட்டும் அங்கேயே மாட்டிக்கொள்கிறேன், கண்டியூர் தாண்டிக் குடமுருட்டிப் பாலம் வந்தபோது வெயில் சாய்ந்துவிட்டது, அவர் கை துண்டோடு நீண்டபடியே இருந்தது, பிச்சைக்காரன் கைபோல இல்லை, வியாபாரியின் கைபோல.

உள்ளே கையை விட்டேன், வெரலுக்கு எவ்வளவு, மொதல்ல அதச் சொல்லு, வருஷந்தானே, என்றார், வைக்கோல் ஏற்றிய டிராக்டர் ஒன்று பாலத்தில் ஏறி இறங்கும்வரை எனக்கு நேரம் கிடைத்தது, பிறகு அந்த நேரமும் தீர்ந்தது, மாசம் மச்சான், என்றேன், அவர் தண்ணீரைப் பார்த்தார், அதில் போன ஒரு வாழைமட்டையைக் கண்ணுக்கு எட்டும்வரை அனுப்பி வைத்தார், பிறகு ம் என்றார், நான் இரண்டு விரலைப் பிடித்தேன். போடா, கசாப்புக்கு ஓட்டுறவன்கூட இதவிட நல்ல வெல கேப்பான், சுழி சுத்தமான உருப்படிடா இது, என்று என் ஐந்து விரலையும் வளைத்துப் பிடித்தார், எனக்கு அப்போதுதான் உறைத்தது, நான் சேதி சொன்னேன், அவர் விலை பேசுகிறார், மறுபடி இரண்டைப் பிடித்தேன், அவர் நான்குக்கு இறங்கினார், ஒரே ஒரு வெரல் ஏறி வா மாப்ளே, ஒங்கக்காவுக்காக, அந்தக் குரலை நான் எந்தச் சந்தையிலும் கேட்டதில்லை, கையில் இல்லாத மாட்டுக்கு விலை சொல்கிறவனைப்போல மூன்றாவது விரலையும் சேர்த்துப் பிடித்தேன், துண்டை உருவி என் உள்ளங்கையில் பட்டென்று அடித்தார், முடிஞ்சுது, தரகு யாருகிட்ட வாங்கப்போற, எங்கிட்டயா, எருமைக்காரங்கிட்டயா.

திருவையாற்றில் காவிரி இரு கரையும் தொட்டுக்கொண்டு போனது, மச்சான் அசோகா அல்வா வாங்கினார், வீட்டு வாசலிலேயே அக்காள், என்னங்க சொன்னாங்க, மச்சான் சந்தை வாயைத் திறந்தார், இருவது வருஷம் தாங்குமாம்டி, ஒன் தாலி கெட்டி, அக்காள் என் முகத்தைப் பார்த்தாள், நான் பொட்டலத்தைப் பிரித்தேன், அது நெய்யாக வழிந்தது.

டாக்டர் சொன்ன கெடு மாசியில் கடந்தது, அவர் எழுந்து உட்கார்ந்து கஞ்சி குடித்தார், நான் கோயிலுக்குப் போனேன், கோயிலுக்குப் போகிறவனே இல்லை நான், பிறகு பங்குனி, காவிரி வெறும் மணல், பேசிய கெடு முடிந்த காலையில் பேரத்தின்படியே போய்விட்டார், வாக்கு மாறாத மனுஷன் என்று சந்தைக்காரர்கள் கூடத்தில் பேசிக்கொண்டார்கள், எந்த வாக்கு என்று அவர்களுக்குத் தெரியாது. பேரம் பேசுகிற வீட்டில் பிறந்து, பால் குடிக்கும்போதே எதிர்விலை கேட்டு வளர்ந்தவன், முதல் விலையை உள்ளபடி சொல்லியிருக்கலாமா, பத்தில் தொடங்கியிருந்தால் அவர் இருபது கேட்டிருப்பார், பன்னிரண்டிலாவது முடிந்திருக்கும், அக்காள் அவரோடு ஒரு தீபாவளியாவது கூடப் பார்த்திருப்பாள், இது பைத்தியக்காரத்தனம் என்று எனக்கும் தெரியும், தெரிந்து என்ன, எந்த ஆற்றைக் கடந்தாலும் அந்தக் கணக்கு கூடவே நடந்து வருகிறது, அதோ கூடத்தில் படுக்க வைத்திருக்கிறார்கள், அக்காள் தலைமாட்டில் சுவரைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள், கோடித்துணிக்கு அடியில் கையை விடுகிறேன், குளிர்ந்த கை, தேடி ஐந்து விரலையும் பிடிக்கிறேன், விரலுக்கு வருஷம் மச்சான் என்று வாயாலும் சொல்கிறேன், முதல் விலைக்கு ஒருநாளும் ஒத்துக்கொள்ளாதவர், எதிர்விலை சொல்லவில்லை, மூன்று பேசினோம், மூன்று வந்தது, கணக்கு நேர், பாக்கி இல்லை.