துண்டுக்கு அடியில் ஒரு விசாரணை

என் முகத்தைப் பார்த்து மாட்டின் விலையைக் கண்டுபிடித்தவர் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் ஒருவரும் இல்லை. அப்பா மாட்டுத் தரகர், தாத்தா தரகர், மாமன்மார் நான்கு பேரும் தரகர்கள். எங்கள் வீட்டில் இன்னொரு கரண்டிக் குழம்பு வேண்டுமென்றாலும் வேண்டாதவன் மாதிரி உட்கார்ந்திருக்க வேண்டும். ஆசை முகத்தில் தெரிந்தால் குழம்பு அடுத்த இலைக்குப் போய்விடும். அப்படி வளர்ந்த நான், போன மாசி மாதம் ஒரு வியாழக்கிழமை, பட்டப்பகலில், நாற்பது மாடுகள் பார்க்க, ஒரு நடிகையிடம் முழுசாக அகப்பட்டுக்கொண்டேன்.

சூளகிரிக்குப் பக்கத்தில், புதிய தொழிற்பேட்டையின் காம்பவுண்டுச் சுவரை ஒட்டிய காலி மைதானம். ஒரு துப்பறியும் நாவலை டிவி தொடராக எடுத்துக்கொண்டிருந்தார்கள். மாட்டுச் சந்தைக்கு வந்த ஒரு விவசாயியை யாரோ கொன்று வைக்கோல் போருக்குள் மறைத்துவிடுகிறார்கள். ஓய்வு பெற மூன்று மாதமே இருக்கும் ஒரு பெண் இன்ஸ்பெக்டர் கொலைகாரனைக் கண்டுபிடிக்கிறார். இடம், மாடு, கூட்டம் மூன்றையும் ஏற்பாடு செய்தது நான். மாடுகள் சொன்ன நேரத்துக்கு வந்தன. கூட்டத்துக்கு மூக்கண்டப்பள்ளி கம்பெனிகளில் நைட் ஷிப்ட் முடித்தவர்களைப் பிடித்து வந்திருந்தேன். வேட்டி கட்டி, தலைப்பாகை வைத்து, பார்க்க விவசாயிகளாகத்தான் இருந்தார்கள். காலில் மட்டும் எல்லோரும் கம்பெனி கொடுத்த சேஃப்டி ஷூ.

இன்ஸ்பெக்டராக நடித்தவர் பவளம். ஐம்பது வயது. இருபது வருடமாக சீரியல்களில் மருமகள்களைச் சபித்துக்கொண்டிருந்தவருக்கு முதன்முதலாகக் கிடைத்த கதாநாயகி வேடம். ஆனால் முதல் இரண்டு நாள் எடுத்ததைப் பார்த்த சேனல்காரர்கள், முகத்தில் ஒன்றுமே தெரியவில்லை, கல் மாதிரி இருக்கிறது என்று சொல்லிவிட்டார்கள். அன்றைக்கு ஹரீஷ்குமார் என்ற சேனல் அதிகாரி சென்னையிலிருந்து நேரில் வந்திருந்தார். அன்றைய காட்சியும் சரியில்லையென்றால் வேறு நடிகை. அந்த வேறு நடிகையிடம் தேதிகூடக் கேட்டாகிவிட்டது. டீ ஊற்றுகிறவர் வரை எல்லோருக்கும் இது தெரியும். பவளத்துக்கும் தெரியும். அவர் வேனில் உட்கார்ந்து நிதானமாக இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

எடுக்க வேண்டிய காட்சியை டைரக்டர் பிரகாஷ் என்னிடம் படித்துக் காட்டினார். நாவலில், மாடு வாங்கிய ரசீதைக் காட்டித்தான் கொலைகாரத் தரகனை இன்ஸ்பெக்டர் மடக்குகிறாராம். சந்தையில் தரகர்கள் விலையைக் கூவிக் கூவிச் சொல்கிறார்களாம். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எந்தச் சந்தையில் சார் ரசீது, எந்தத் தரகன் சார் கூவுகிறான் என்று கேட்டேன். தோளில் இருந்த துண்டை எடுத்து இரண்டு பேர் கைமேல் போட்டு, விரலைப் பிடித்துத்தான் விலை. முதல் பிடி பத்தாயிரக் கணக்கு, அடுத்த பிடி ஆயிரக் கணக்கு. மாலூர்க்காரன் கன்னடம் பேசுவான், குப்பத்துக்காரன் தெலுங்கு பேசுவான். விரலுக்குப் பாஷை கிடையாது. பார்க்கிறவனுக்கு இரண்டு பேர் மழை வருமா என்று வானத்தைப் பார்த்து நிற்பது போலத்தான் இருக்கும்.

பிரகாஷ் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார்.

"அப்ப அந்த நம்பர் யாருக்குத் தெரியும்?"

"புடிச்ச ரெண்டு பேருக்குத்தாங்க. மூணாவது ஆளுக்கு எப்பிடிங்க தெரியும்?"

"அந்த ரெண்டு பேர்ல ஒருத்தன் செத்துட்டா?"

"மிச்சம் இருக்கறவனுக்கு மட்டுந்தான்."

அவர் மாட்டு வண்டியில் ஏறி உட்கார்ந்து ஒரு மணி நேரத்தில் காட்சியையே மாற்றி எழுதினார். செத்தவன் கடைசியாகப் பேசிய விலை நாற்பத்து மூன்றாயிரம். அதைப் போனில் மனைவியிடம் மட்டும் சொல்லியிருக்கிறான். இன்ஸ்பெக்டர் மாடு வாங்குகிறவர் போல வந்து, துண்டுக்கு அடியில் கொலைகாரனின் விரலில் அதே எண்ணைச் சொல்கிறார். வசனமே கிடையாது. மாற்றம் என்று ஒரு வார்த்தை சொன்னதும் அறுபது பேர் நகர்ந்தார்கள். வைக்கோல் போர் பத்தடி தள்ளிப் போனது, கேமரா சுற்றிக்கொண்டு வந்தது, ஒருவர் ஷூக்களைக் கழற்ற ஓடினார். ஏன், எதற்கு என்று ஒரு ஆள் கேட்கவில்லை. எங்கள் குடும்பத்தில் ஒரு பந்தலை நகர்த்துவதற்குள் மூன்று பேர் கோபித்துக்கொண்டு பஸ் ஏறிவிடுவார்கள். நான் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

தரகனாக நடிக்க வந்தவருக்கு விரல் படியவில்லை. அவர் கை போட்டால் துண்டுக்குள் பூனை புகுந்த மாதிரி குதித்தது. பிரகாஷ் என்னைப் பார்த்தார். நான் வேண்டாதவன் மாதிரி கொஞ்சம் நின்றுவிட்டு ஒத்துக்கொண்டேன்.

ஒத்திகைக்குப் பவளம் வந்தார். "ஆஞ்சப்பண்ணா, சும்மா சொல்லிக் காட்டாதீங்க. அந்தச் செவலை மாட்டை எனக்கு நிஜமாவே வித்துப் பாருங்க" என்றார். ஆறு தடவை பேரம் பேசினோம். ஆறு தடவையும் நான்தான் ஜெயித்தேன். பாவம், இந்த அம்மாவுக்கு இன்றைக்கு நாள் சரியில்லை என்று நினைத்துக்கொண்டேன். கடைசியில் அவர் கேட்டது ஒன்றுதான்: பேசி முடிந்தால் கையை எப்படி எடுப்பீர்கள்? ஒரே உதறு உதறி எடுத்துவிடுவோம் என்றேன். தலையை ஆட்டிக்கொண்டார்.

ஹரீஷ்குமார் கிட்டே வந்து, கொஞ்சம் எக்ஸ்பிரஷன் கொடுங்க மேடம், வீட்டில் பார்க்கிறவங்களுக்குப் புரியணும் என்று சொல்லிப் பார்த்தார். "சரிங்க தம்பி" என்றதோடு பவளம் நிறுத்திக்கொண்டார். எனக்குப் பிரகாஷ் சொன்னது இன்னும் சுலபம். நடிக்கவே வேண்டாம், எண் வந்ததும் கையை உருவிக்கொண்டு போய்விட வேண்டும்.

காட்சி தொடங்கியது. நான் துண்டைப் போட்டேன். பவளத்தின் கை உள்ளே வந்தது. ஒத்திகையில் பிடித்த கை அல்ல அது.

ஆயிரம் கை பிடித்தவன் நான். இருக்கிற ஒரே மாட்டை மகள் படிப்புக்காக விற்க வருகிறவனின் கை எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். கொடுக்கவும் மனசில்லாமல், எடுக்கவும் முடியாமல், ஈரமாக, ஒரு விரலைப் பிடித்துவிட்டு அடுத்ததற்குத் தயங்கும். அந்தக் கைதான் வந்திருந்தது. கதையில் செத்துப்போனவனின் கை. துண்டுக்குள் கேமரா கிடையாது, வெளிச்சம் கிடையாது. நான் ஒருவன் தவிர இதை இந்த உலகத்தில் யாரும் பார்க்கப் போவதில்லை. அந்தப் பெண்மணி என் உள்ளங்கைக்காக நடித்துக்கொண்டிருந்தார்.

நான்கு விரல். பிறகு மூன்று.

உதறி எடுக்கப் போனேன். விடவில்லை. என் சுண்டு விரலைப் பிடித்து உள்ளே மடக்கினார். பிறகு அடுத்தது, அதற்கடுத்தது, அவசரமே இல்லாமல். பிணத்தின் கையை நெஞ்சுமேல் மடக்கி வைப்பார்களே, அப்படி. எங்கள் பரம்பரையில் அப்படி ஒரு பிடி கிடையாது. நிமிர்ந்து பார்த்தேன். அவர் செவலை மாட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். முகத்தில் ஒன்றும் இல்லை.

நான் யாரையும் கொன்றதில்லை. பல் விழுந்த கிழட்டு மாட்டை நாலு பல் இளசு என்று சொல்லி விற்றிருக்கிறேன், அதற்கு மேல் பாவம் செய்ததில்லை. ஆனால் அந்த நேரத்தில் என் முதுகில் வேர்வை இறங்கியது. என்னை அறியாமல் என் கண் திரும்பி, பிணம் இருப்பதாகக் கதையில் சொன்ன அந்த வைக்கோல் போரைப் பார்த்தது. பார்த்துவிட்டு, பார்த்ததை மறைக்க மாட்டின் கொம்பைப் பார்த்தது.

கட் என்று சொல்ல பிரகாஷுக்கு வெகுநேரம் ஆனது.

ஹரீஷ்குமார் அந்தக் காட்சியை மானிட்டரில் மூன்று தடவை ஓட்டச் சொன்னார். முதல் தடவை, வைக்கோலைப் பார்க்கச் சொல்லி இவருக்கு யார் சொன்னது என்று கேட்டார். நான் சொல்லவில்லை என்றார் பிரகாஷ். இரண்டாவது தடவை நாற்காலியை மானிட்டருக்குக் கிட்டே இழுத்துப் போட்டுக்கொண்டார். மூன்றாவது தடவை என் முகத்தை விட்டுவிட்டு பவளத்தின் முகத்தை மட்டும் பார்த்தார். நானும் பார்த்தேன். ஒரு நரம்பு அசையவில்லை. ஆனால் பக்கத்தில் நிற்கிறவன் கண் எங்கே போய்த் திரும்பியது என்பது அந்த முகத்துக்குத் தெரிந்துவிட்டது; அதைப் புரிந்துகொண்டதும் எனக்கு மறுபடியும் வேர்த்தது.

ஹரீஷ்குமார் சுவரோரம் தள்ளிப் போய் சென்னைக்குப் போன் போட்டார். ஷிப்ட் பஸ் இரைச்சலில் பாதிதான் கேட்டது. "அவங்க டேட்ஸ் தேவையில்ல சார்... இல்ல சார், இவங்களேதான்."

பவளம் வேன் படியில் உட்கார்ந்து செருப்பில் ஒட்டிய சாணியைக் குச்சியால் சுரண்டிக்கொண்டிருந்தார். பக்கத்தில் போய் நின்றேன். முப்பது வருடத் தொழிலில் எனக்குத் தெரியாத பிடி என்று ஒன்றும் இருந்ததில்லை. வெட்கத்தை விட்டுக் கேட்டுவிட்டேன்.

"அம்மா, கடைசியா வெரல மடக்குனீங்களே, அதுக்கு என்னாங்க அர்த்தம்?"

அவர் குச்சியைக் கீழே போட்டார்.

"எனக்கு என்னண்ணா தெரியும்? வைக்கோலைப் பாத்தது நீங்கதானே."