அறைக்காக ஓர் ஆட்டம், ஆட்டத்துக்காக ஒரு விளக்கு

அந்த வீட்டில் அண்ணனுக்கும் அண்ணிக்கும் சண்டை வந்தால் குரல் உயராது. அலமாரிக் கதவு திறக்கும். உள்ளேயிருந்து செங்கல் பருமனில் பழுப்பேறிய ஒரு விளையாட்டுப் பெட்டி வெளியே வரும். அண்ணன் பள்ளிக்கூடம் போன காலத்தில் வாங்கியது. அதன் திரையில் மேலிருந்து கட்டைகள் விழும். சந்து விடாமல் அடுக்கினால் வரிசை மறைந்து மதிப்பெண் ஏறும். தப்பாக அடுக்கினால் கட்டை உச்சியைத் தொட்டு ஆட்டம் முடியும். ஆளுக்கு ஓர் ஆட்டம். அதிகம் எடுத்தவர் சொன்னது சட்டம். பாத்திரம் யார் கழுவுவது, விடுமுறைக்கு யார் அம்மா வீட்டுக்குப் போவது, கூடத்துச் சுவருக்கு என்ன வண்ணம் அடிப்பது, எல்லாம் இப்படித்தான் முடிவாயின. கூடத்துச் சுவர் பச்சை. அண்ணனுக்குப் பச்சை என்றாலே ஆகாது.

தோற்கும்போதெல்லாம் அண்ணன் ஒரே காரணம் சொல்வான். "திரை தெரியலை."

அதில் பொய்யும் இல்லை. அந்தப் பெட்டியின் திரைக்குச் சொந்த வெளிச்சம் கிடையாது. வெளியிலிருந்து விழும் வெளிச்சத்தில்தான் படம் தெரியும். ஜன்னலோரமாக உட்கார்ந்து, கழுத்தை ஒரு பக்கம் சாய்த்து, பெட்டியை இன்னொரு பக்கம் சாய்த்துப் பிடிக்க வேண்டும். பள்ளியில் கணக்கு ஆசிரியையாக இருக்கும் அண்ணி அந்தக் கோணத்தைக் கல்யாணமான முதல் வாரமே கண்டுபிடித்துவிட்டாள். பார்சல் அலுவலகத்தில் மேற்பார்வையாளனாக இருக்கும் அண்ணனுக்கு இன்றுவரை பிடிபடவில்லை.

இந்த முறை தகராறு ஓர் அறையைப் பற்றியது. வாசலை ஒட்டிய சின்ன அறை. அண்ணி அதில் வெள்ளைப் பலகை மாட்டிப் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுக்க நினைத்தாள். அண்ணனோ, டாக்டர் எடையைக் குறைக்கச் சொன்ன ஆவேசத்தில் வாங்கிவந்த டிரெட்மில்லை அங்கே போட நினைத்தான். இப்போது அது கூடத்தில் நின்று ஈரத் துண்டுகளை உலர்த்திக்கொண்டிருந்தது.

இரண்டு திட்டத்திலும் ஒரு சின்னச் சிக்கல். அந்த அறையில் ஏற்கெனவே ஓர் ஆள் இருந்தாள். அண்ணனின் தங்கை.

பகலில் கண்ணாடிக் கடையில் வேலை. மாலையில் எலக்ட்ரானிக்ஸ் வகுப்பு. எதையும் மூன்று முறை சரிபார்ப்பாள். மூன்றாவது முறை சரியாக வந்தால் முதல் இரண்டு முறையும் ஏன் சரியாக வந்தது என்று சந்தேகப்படுவாள். அண்ணன் அவளுக்கு வைத்த பெயர் நத்தை. அண்ணி குட்டி என்பாள்.

"இவ்வளவு பெரிய விஷயத்துக்கு அந்த இருட்டுப் பெட்டியில ஆட மாட்டேன். நத்தை, இதுக்குப் பின்னாடி லைட் வைக்கலாமாமே? உனக்குத் தெரியுமா?" என்றான் அண்ணன்.

"வைக்கலாம். பேக்லைட் செட்டா விக்கிறாங்க. ஆனா நான் இதுவரைக்கும் செஞ்சதில்லை."

"வகுப்புக்குப் போறல்ல?"

"வகுப்புல இன்னும் டார்ச் லைட்டுலதான் இருக்கோம்."

"டார்ச் லைட்டும் லைட்டுதானே! உன் அண்ணி ஜன்னல்கிட்ட உக்காந்துக்கிட்டு இத்தனை வருஷமா என்னை ஏமாத்தியிருக்கா. இந்தத் தடவை பாரு."

"லைட்டு போடு குட்டி," என்றாள் அண்ணி, விடைத்தாளைத் திருத்திக்கொண்டே. "அப்புறம் உங்க அண்ணன் எதைச் சொல்லித் தப்பிக்கிறார்னு நானும் பாக்கணும்."

தங்கை பெட்டியைக் கையில் வாங்கிக்கொண்டாள். யார் ஜெயித்தாலும் அவள் படுக்கை கூடத்துக்கு வந்துவிடும். அண்ணி ஜெயித்தால் டிரெட்மில்லுக்குப் பக்கத்திலோ, டிரெட்மில்லுக்குக் கீழேயோ. வாயைத் திறந்து ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். ஆனால் அண்ணன் வீட்டில் இருந்துகொண்டு அறை கேட்டால் என்ன நினைப்பார்கள்? ஒருவேளை எங்கே படுப்பாள் என்று அவர்கள் ஏற்கெனவே பேசி முடித்திருந்தால்? பேசி முடித்ததை மறுபடி கேட்பது அசட்டுத்தனம் ஆகாதா? இப்படி யோசித்து யோசித்துக் கேட்கவேண்டிய நேரம் போய்விட்டது. தன் அறையைப் பறிக்கப்போகும் ஆயுதத்துக்குத் தானே சாணை பிடிக்கிறோம் என்று அவளுக்குத் தெரியும். சாணையாவது ஒழுங்காகப் பிடிப்போம் என்று உட்கார்ந்தாள்.

வேலை என்னவோ கேட்பதற்கு எளிது. பெட்டியைத் திறந்தால் திரைக் கண்ணாடி. அதன் முதுகில் வெள்ளிநிறத் தாள் ஒன்றும் அதோடு சேர்ந்து ஒரு படலமும் ஒட்டியிருக்கும். அவற்றை உரித்தெடுத்துவிட்டு அந்த இடத்தில் மெல்லிய விளக்குத் தகட்டையும் புதுப் படலத்தையும் செருக வேண்டும். தகட்டின் இரண்டு ஒயர்களைப் பெட்டியின் மின்சுற்றுப் பலகையில் பற்றவைத்தால் முடிந்தது. திரையின் அடியில் ஓடும் பட்டை ஒயர் மட்டும் மடங்கிவிடக் கூடாது. மடங்கினால் படத்தில் கோடு கோடாக ஓட்டை விழும்.

திருகாணிகளின் தலை வழக்கம்போல் இல்லை. மூன்று இதழ்ப் பூ மாதிரி இருந்தது. அதற்கென்று தனித் திருப்புளி வாங்கினாள். பழைய தாளின் மூலையைப் பிளேடு நுனியால் நெம்பி, மூச்சை அடக்கிக்கொண்டு உரித்தாள். அது காயத்துப் பிளாஸ்திரிபோல் முனகிக்கொண்டே வந்தது. மிச்சமிருந்த பசையை ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் துடைத்தாள். துடைத்தபிறகும் பசை இருப்பதாகத் தோன்றியது; துடைத்தாள். கண்ணாடிக் கடைக்காரி என்பதால் துடைப்பதில் மட்டும் அவளை யாரும் குறை சொல்ல முடியாது.

அடுத்தது படலம். அதற்கு முன்பக்கம், பின்பக்கம் உண்டு. பார்த்தால் தெரியாது, மாற்றிப் போட்டால் படத்தில் கறுப்பு வெளுப்பாகிவிடும், வெளுப்பு கறுப்பாகிவிடும். இது அவளுக்கு முன்பே தெரியும். எனவே வேறு யாரும் எடுக்காத முன்னெச்சரிக்கையை எடுத்தாள். எது முன்பக்கம் என்று விவரத் தாளோடு ஒப்பிட்டுப் பார்த்து, மார்க்கரால் ஓரத்தில் அழகாக ஒரு புள்ளி வைத்தாள். பிறகு கைரேகை படாமலிருக்க இரண்டு பக்கமும் ஒட்டியிருந்த பாதுகாப்புத் தாள்களை உரித்துக் குப்பையில் போட்டாள்.

புள்ளி பாதுகாப்புத் தாளில் இருந்தது.

குப்பைக்கூடையைக் கவிழ்த்துப் புள்ளியைக் கண்டுபிடித்தாள். புள்ளி பத்திரமாக இருந்தது. அது எந்தப் பக்கத்திலிருந்து வந்தது என்பதுதான் தெரியவில்லை. பாதிக்குப் பாதி வாய்ப்பு. கண்ணை மூடிக்கொண்டு செருகி, ஒயரைப் பற்றவைத்து, பெட்டியை மூடி, பொத்தானைத் தட்டினாள். விளக்கு எரிந்தது. பட்டை ஒயருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் திரை முழுக்க அமாவாசை. அதில் கட்டைகள் மட்டும் வெள்ளை வெளேரென்று விழுந்துகொண்டிருந்தன.

உடனே திறந்து படலத்தைப் புரட்டியிருக்கலாம். அவள் சுபாவம் விடவில்லை. ஒரு நேரத்தில் ஒரு கோளாறுக்கு மேல் கைவைக்கக் கூடாது என்று வகுப்பில் சொல்லியிருந்தார்கள். முதலில் பற்றவைத்த இடம் சூட்டில் தாங்குகிறதா, பொத்தான்களெல்லாம் வேலை செய்கின்றனவா என்று பார்த்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை நிதானமாகத் திறப்போம் என்று முடிவுசெய்தாள். பார்ப்பது என்றால் ஆடிப் பார்ப்பதுதானே. தினமும் வகுப்பு முடிந்துவந்து கதவைச் சாத்திக்கொண்டு பார்த்தாள். எல்லாம் நன்றாகவே வேலை செய்தது. மறுநாளும் பார்த்தாள். வேலை முடியாதவரை அறை தன்னுடையது என்கிற எண்ணம் இதில் கலந்திருந்ததா என்றால், கொஞ்சம் கலந்துதான் இருந்தது.

சனிக்கிழமை காலையில் இருவரும் அறைக்குள் வந்து நின்றார்கள். அண்ணி டேப்பை நீட்டி அறையை அளந்தாள்.

"திங்கக்கிழமைலேர்ந்து பிள்ளைங்களை வரச் சொல்லிட்டேன் குட்டி. இன்னிக்கே ஆடிடலாம்."

"ஆடாமலேயே வரச் சொல்லிட்டாளாம்! திமிரைப் பாத்தியா?" என்றான் அண்ணன். "எடு பெட்டியை."

"அண்ணே, அதுல ஒரு தப்பு இருக்கு. படலத்தை மாத்திப் போட்டுட்டேன். கொஞ்ச நேரம் குடுத்தா திறந்து சரிபண்ணித் தந்துடறேன்."

"உன் கொஞ்ச நேரம் எனக்குத் தெரியாதா? நீ ஒரு திருகாணி கழட்டுறதுக்குள்ள எனக்குப் பேரன் பொறந்துடுவான். லைட் எரியுதா?"

"எரியுது, ஆனா..."

"எரிஞ்சா போதும்."

கட்டிலில் உட்கார்ந்து அண்ணன் முதலில் ஆடினான். வெள்ளையெல்லாம் சந்து, கறுப்பெல்லாம் கட்டை என்று அவன் கண் பழகியிருந்தது. வெற்றிடத்தைக் கட்டை என்று நம்பி ஒதுங்கினான். கட்டையைச் சந்து என்று நம்பி மோதினான். முதல் சில நிமிடங்களிலேயே வெள்ளைக் கோபுரம் உச்சியைத் தொட்டது.

"என்னடி இது, ராத்திரியில வீடு கட்டுற மாதிரி இருக்கு!"

"இப்பக் கண்ணு தெரியலையா, இல்ல திரை தெரியலையா?" என்று அண்ணி பெட்டியைப் பிடுங்கிக்கொண்டாள். பழக்கதோஷத்தில் ஜன்னல் பக்கம் திரும்பினாள், கழுத்தைச் சாய்த்தாள், பெட்டியைச் சாய்த்தாள். ஒன்றும் உதவவில்லை. அண்ணனைவிட ஒரே ஒரு வரிசை கூடுதலாக அடுக்கிவிட்டு அவளும் விழுந்தாள்.

"ஜெயிச்சாச்சு," என்றாள், முகத்தில் சந்தோஷமே இல்லாமல்.

"இதெல்லாம் செல்லாது டீச்சரம்மா. பெட்டியே பழுது. நத்தை கெடுத்து வெச்சிருக்கா."

தங்கைக்குச் சுருக்கென்றது. படலம் தப்புதான், அதை அவளே சொன்னாள். ஆனால் பழுதா? பற்றவைத்த இடமெல்லாம் மணிமணியாக நிற்கும்போது பழுது என்றால் எப்படிப் பொறுப்பது? "பழுது இல்லண்ணே. பொத்தான் எல்லாம் சரியா வேலை செய்யுது, பாரு," என்று வாங்கி, பொத்தான்களைக் காட்டுவதற்காகவே ஆடத் தொடங்கினாள். "இது இடது. இது வலது. இது திருப்பறது. தெரியுதா? இதை அழுத்தினா வேகமா விழும்..."

ஒவ்வொன்றாக விளக்கிக்கொண்டே வரிசைகளை மறைத்துக்கொண்டிருந்தாள். அண்ணனின் கணக்கைத் தாண்டினாள், அண்ணியுடையதையும் தாண்டினாள். கட்டைகள் மழைபோல் கொட்டத் தொடங்கின. அண்ணனும் அண்ணியும் இரண்டு தோளுக்கு மேலாகவும் குனிந்து பார்த்தார்கள். கடைசியில் ஆட்டம் முடிந்தபோது அண்ணி வழக்கமாக ஜன்னலோரத்தில் எடுக்கும் எண்ணிக்கைகூடக் கீழே நின்றது.

"பாத்தீங்களா? பழுதில்ல," என்றாள் தங்கை.

அண்ணிக்குக் கணக்கு என்றால் கணக்குதான். "அதிகம் எடுத்தவங்க சொல்றதுதான் சட்டம். சொல்லு குட்டி, இந்த ரூமை என்ன பண்ணலாம்?"

"அவ போட்டியிலேயே இல்லையே!" என்றான் அண்ணன்.

"ஏன் இல்ல? ஆடினாளா இல்லையா?"

தங்கை பெட்டியின் ஓரத்தைத் துடைத்தாள். மறுபடி துடைத்தாள். "நான் இங்கதான் படுக்கறேன்," என்றாள்.

"அது தெரியும்."

"இல்ல... இனிமேலும் இங்கயே படுக்கறேனே. அதான்."

அண்ணன் அண்ணியைப் பார்த்தான். "அவளை எங்க படுக்க வைக்கிறதுன்னு நீ சொல்லலை?"

"நானா? உங்க தங்கச்சி, நீங்க பேசியிருப்பீங்கன்னு நெனச்சேன்."

"பொம்பளைங்க விஷயம், நீ பேசியிருப்பன்னு நான் நெனச்சேன்."

"படுக்கறதுல என்னங்க பொம்பளைங்க விஷயம்? இப்பத்தானே டேப்பை எடுத்துக்கிட்டு வந்து இவ கட்டிலையும் சேத்து அளந்தேன்! பலகை மாட்டினா கட்டில் எங்க போகும்னு தோணவே இல்லையே!" அண்ணி தலையில் கைவைத்தாள். "நீயாவது வாயைத் தொறந்து சொல்லக் கூடாதா குட்டி?"

"நீங்க ரெண்டு பேரும் முடிவு பண்ணியிருப்பீங்கன்னு நெனச்சேன்."

ஆக மூன்று பேருமே மற்றவர்கள் நினைத்துப் பார்த்திருப்பார்கள் என்று நினைத்திருந்தார்கள். அதைச் சொல்லி முடித்ததும் அண்ணன்தான் முதலில் சிரித்தான். பிறகு சிரித்ததற்கு வெட்கப்பட்டு, டிரெட்மில்லைத் தங்கள் படுக்கையறைக்குத் தள்ளப்போவதாகச் சொல்லிவிட்டு எழுந்தான். "எங்க தள்ளுவீங்க? என் பீரோ நிக்குது," என்று அண்ணி பின்னாலேயே போனாள். டியூஷன் கூடத்தில் நடக்கும், டிரெட்மில் நகரவேண்டும், பீரோ நகராது என்று குரல்கள் நடையில் தேய்ந்தன.

தங்கை கதவைச் சாத்திவிட்டுப் பெட்டியைத் திறந்தாள். அறை நிலைத்துவிட்டது, சரி. அதற்காகத் தப்பாகச் செய்த வேலையை அப்படியே விட முடியுமா? திருகாணிகளைக் கழற்றி, பட்டை ஒயரைத் தொடாமல் படலத்தை உருவி, புரட்டி, செருகி, மூடினாள். இப்போது திரை பளிச்சென்று எரிந்தது. வெளிச்சத்தின்மேல் கறுப்புக் கட்டைகள் கத்தரித்து ஒட்டினாற்போல் தெரிந்தன. எந்த ஜன்னலும் தேவையில்லை, எந்தக் கோணமும் தேவையில்லை. முதல்முறையாக ஒரு வேலையில் அவளுக்குச் சந்தேகமே வரவில்லை.

சரிபார்க்க ஓர் ஆட்டம் போட்டாள்.

இத்தனை நாளும் வெள்ளைக் கட்டைகளுக்குப் பழகிய கண், கறுப்புக் கட்டைகளைச் சந்து என்று நம்பியது. அண்ணன் எடுத்ததில் பாதிகூட எடுக்கவில்லை. இன்னொன்று போட்டாள், அது அதைவிட மோசம்.

"குட்டி, சரியாயிடுச்சா?" என்று நடையிலிருந்து அண்ணி கேட்டாள். "பீரோவா டிரெட்மில்லான்னு ஆடணும். நீயும் வந்து சேந்துக்க. இப்ப நீதான் சாம்பியன்."

தங்கை திரையைப் பார்த்தாள். உண்மையைச் சொல்வதுதான் முறை. எதுவரைக்கும் சொல்வது என்றும் யோசித்தாள்.

"திரை சரியாயிடுச்சு அண்ணி," என்றாள். "நீங்க ரெண்டு பேரே ஆடுங்க. எனக்குப் படிக்கிறது இருக்கு."