ஹிரியாவுக்கு இடமில்லாத கப்பல்

ஞாயிற்றுக்கிழமை மதியம். தென்கோடி ஊரான இன்வர்கார்கிலில் தெற்கிலிருந்து வீசும் காற்று காலையிலிருந்தே ஓயவில்லை. ஃபெர்கஸ் லோகி தன் ஷெட்டின் தகரக் கதவைப் பாதி இறக்கிவிட்டு, ஹீட்டரை மேசைப் பக்கமாகத் திருப்பி வைத்தான். வாரம் முழுக்கப் பண்ணை பண்ணையாகப் போய்ப் பால் டேங்கரை நிரப்பிக்கொண்டு வருவது அவன் பிழைப்பு. ஞாயிறு மதியம் மட்டும் அவன் ஒரு பிரபஞ்சத்துக்கே சொந்தக்காரன்.

அவர்கள் ஆடுவது திரையில் ஆடும் விளையாட்டு இல்லை. மேசையைச் சுற்றி உட்கார்ந்துகொண்டு வாயாலேயே ஆடுவது. ஆளுக்கொரு பாத்திரத்தைச் சொந்தமாகக் கற்பனை செய்துகொண்டு வருவார்கள். அந்தப் பாத்திரமாகவே பேசுவார்கள், சண்டை போடுவார்கள், காதலிப்பார்கள். விண்கலம் தப்புமா நொறுங்குமா என்பதைப் பகடை சொல்லும். கதையை நடத்திக்கொண்டு போவது ஃபெர்கஸ். அந்த உலகமும் அதன் சட்டதிட்டங்களும் அவன் படைத்தவை. அதற்கு மெரிடன் என்று பெயர் வைத்திருந்தான்.

ஸ்கல்லி முதலில் வந்தான். மருந்துக்கடையில் வேலை, வாய் ஓயாத பேச்சு. பின்னாலேயே ஐரினி தன் வேனிலிருந்து சக்கர நாற்காலியை இறக்கி, அதில் உட்கார்ந்து, சிமெண்டுச் சரிவில் ஏறி உள்ளே வந்தாள். நகரசபையில் குடிநீரைப் பரிசோதிக்கும் வேலை அவளுக்கு. பிறக்கும்போதே முதுகுத்தண்டில் கோளாறு. அவள் கால்கள் ஒருநாளும் நடந்ததில்லை. அவள் இந்தக் கூட்டத்தில் சேர்ந்த புதிதில் ஷெட் வாசலில் உயரமான படி ஒன்று இருந்தது. யாரும் கேட்காமலேயே அதை உடைத்துச் சரிவு போட்டவன் ஃபெர்கஸ். அவன் கெட்டவன் இல்லை என்பதை இங்கேயே சொல்லிவிட வேண்டும்.

பழைய கதை போன வாரத்தோடு முடிந்திருந்தது. இன்று புதுக் கப்பல், புதுப் பயணம். எல்லோரும் புதுப் பாத்திரங்களோடு வந்திருந்தார்கள்.

"என் ஆளு ஒரு சமையல்காரன். வாயத் திறந்தா பொய்" என்றான் ஸ்கல்லி.

"நீயேதான் அது. புதுசா என்ன கொண்டு வந்த?" என்றாள் ஐரினி. சிரித்து முடித்ததும் அவள் தொண்டையைச் செருமிக்கொண்டாள். ஆறு வருடமாக இதே மேசையில் ஆடுகிறவளுக்கு அன்று ஏனோ கொஞ்சம் படபடப்பு.

"என்னோடவ பேரு ஹிரியா. கப்பலுக்கு வழி பாக்கறவ. சீட்டாட்டத்துல ஏமாத்துவா. கூடப் பொறந்தவளோட சண்டை, பல வருஷமாப் பேச்சு வார்த்தை இல்ல. கால் நடக்காது, பொறந்ததுலருந்தே. கப்பல்ல எடை இல்லாதப்ப எல்லாரையும் விட வேகமா மிதந்து போவா. எடை வந்துட்டா நாற்காலி. அதத் தளத்துல மாட்டி வெக்க ஒரு கொக்கி இருக்கும்."

ஸ்கல்லி, "அட, நல்லாருக்கே" என்றான்.

ஃபெர்கஸ் தேநீர்க் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்தான். பிறகு, "ஹிரியா நல்லாத்தான் இருக்கா. ஆனா அந்தக் கால் விஷயம் மட்டும் மெரிடன்ல நடக்காது ஐரினி. அங்கதான் எல்லாத்தையும் கருவுலயே சரி பண்ணிருவாங்களே. நோய் கிடையாது, ஊனம் கிடையாது. உனக்குத் தெரியாததா?" என்றான்.

"தெரியும். ஒருத்தி மட்டும் விட்டுப் போயிருக்கலாமே. இல்ல, அவங்கம்மா வேணாம்னு சொல்லியிருக்கலாம்."

"எந்த அம்மா வேணாம்னு சொல்லுவா?"

கேட்ட பிறகுதான் அந்தக் கேள்வியை யாரைப் பார்த்துக் கேட்டோம் என்று அவனுக்கு உறைத்தது. ஐரினி அதைக் காதில் வாங்காதவள் போல, "ஒளியை விட வேகமாப் போற கப்பல நம்புற. கொக்கி மாட்டின ஒரு நாற்காலிய நம்ப முடியலையா?" என்றாள்.

ஸ்கல்லி சமாதானம் பண்ணப் பார்த்தான். "இப்படிப் பண்ணலாம். நாற்காலிய எந்திரமாக்கிரு. எட்டு கால், நெருப்பு கக்கற துப்பாக்கி. எதிரி பாத்தாலே ஓடணும்!"

"அப்ப அது நாற்காலி இல்ல ஸ்கல்லி, பீரங்கி. அவ யாரையும் அழவெக்கவும் வேணாம், அசத்தவும் வேணாம். சீட்டாட்டத்துல ஏமாத்திக்கிட்டு, கப்பலுக்கு வழி பாத்துக்கிட்டு, சும்மா அங்க இருந்தாப் போதும்."

"இதுக்கு ஒரு காரணம் இருக்கு ஐரினி. எங்கம்மா கதை உனக்குத் தெரியும்" என்றான் ஃபெர்கஸ். அவன் குரல் தணிந்திருந்தது.

அவளுக்குத் தெரியும். அவன் பள்ளியில் படிக்கும்போதே அவன் அம்மாவை நரம்பு நோய் பிடித்துக்கொண்டது. முதலில் கால், அப்புறம் கை, பிறகு பேச்சு, கடைசியில் உயிர் என்று ஒவ்வொன்றாகப் பறித்துக்கொண்டு போனது. அந்தக் கட்டிலின் பக்கத்தில் உட்கார்ந்துதான் ஃபெர்கஸ் மெரிடனைக் கட்டத் தொடங்கினான். எந்த உடம்பும் யாரையும் கைவிடாத உலகம்.

"வலி போகட்டும் ஃபெர்கஸ். அந்த நோய் போகட்டும். உங்கம்மாவுக்கு மருந்து கெடச்சிருந்தா எனக்கும் சந்தோஷந்தான். ஆனா நான் நோய் இல்ல. நான் பொறந்ததே இப்படித்தான். உன் உலகத்துல வலியோட சேத்து என்னையும் துடைச்சு எடுத்துட்ட."

"நீ ஏன் இத உன்னோட சேத்துப் பாக்கற? இது விளையாட்டு. நெசத்த ரெண்டு மணி நேரம் மறக்கத்தான் வர்றோம். இங்கயும் எதுக்கு அத இழுத்துக்கிட்டு வர்ற?"

ஐரினி அவனையே பார்த்தாள். "அதன்னா எத? நாற்காலியவா, என்னையவா?"

அந்த நேரத்தில் ஃபெர்கஸ் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். தேநீர் போடுகிறேன் என்று எழுந்து போயிருக்கலாம். அவனோ நியாயம் போலத் தோன்றுகிற ஒரு வேலையைச் செய்தான். "சரி, எதுக்கு மனஸ்தாபம்? ஓட்டுப் போட்டுருவோம். மூணு பேர் இருக்கோம்" என்றான்.

ஸ்கல்லி மேசையைப் பார்த்துக்கொண்டே, "ஒலகம் அவனோடது... அவன் சட்டம்தானே..." என்று முனகினான். இரண்டுக்கு ஒன்று; ஹிரியாவுக்கு இடமில்லை.

ஐரினி பகடைகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பையில் போட்டாள். "ஷெட்டுக்குச் சரிவு போட்டுக் குடுத்த. அன்னிக்கு எவ்வளவு சந்தோஷப்பட்டேன் தெரியுமா? உள்ள வந்தப்புறம் ஆறு வருஷமும் நடக்கறவளாவே வேஷம் கட்டினேன். ஒரு தடவ, ஒரே தடவ, நானா வரலாம்னு பாத்தேன்."

நாற்காலியை வேனில் ஏற்ற ஃபெர்கஸ் ஓடி வந்தான். "வேணாம். நானே ஏத்திக்குவேன்" என்றாள். அவள் குரலில் கோபம்கூட இல்லை.

அடுத்த ஞாயிறு அவள் வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் வரவில்லை. ஃபெர்கஸும் ஸ்கல்லியும் இரண்டு பேராகவே கப்பலைக் கிளப்பிப் பார்த்தார்கள். சமையல்காரன் பொய் சொன்னான், சிரிக்க ஆள் இல்லை. ஒருநாள் பகடையை உருட்டிவிட்டு என்ன விழுந்தது என்றுகூடப் பார்க்காமல் ஸ்கல்லி கோட்டை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டான்.

ஃபெர்கஸின் அக்கா மொராக், மகளின் பள்ளிக்காகச் சீஸ் ரோல் செய்து விற்கும் பொறுப்பை ஏற்றிருந்தாள். ஒரு சனிக்கிழமை காலை அவள் சமையலறையில் ரொட்டித் துண்டுகள் அடுக்கடுக்காகக் கிடந்தன. ஃபெர்கஸ் சீஸ் கலவையைத் தடவித் தடவிக் கொடுக்க, அவள் சுருட்டிச் சுருட்டித் தட்டில் வைத்தாள். கை வேலையில் இருக்க, வாய் மனக்குறையைக் கொட்டிக்கொண்டிருந்தது.

"நான் என்ன தப்பு பண்ணேன் மொராக்? எல்லாரும் நல்லா நடமாடற உலகந்தானே அது? அம்மாவுக்காகக் கட்டினது. அதப் போய்க் குத்தம்னா எப்படி?"

மொராக் சுருட்டுவதை நிறுத்தினாள். "அம்மாவுக்காகக் கட்டினியா? அம்மாகிட்ட கேட்டியா?"

"என்ன கேக்கறது?"

"நீயும் உன் கூட்டாளிங்களும் கூடத்துல ஆடுவீங்க. அம்மா உள்ள படுத்துக்கிட்டு ஒரு வார்த்தை விடாமக் கேப்பாங்க. நீ சிரிச்சா அவங்களும் சிரிப்பாங்க. ஒருநாள் நான்தான் சொன்னேன், 'கட்டில அங்க தள்ளிட்டுப் போறேன், நீங்களும் சேந்து ஆடுங்க, அவன் ரொம்ப சந்தோஷப்படுவான்'னு. அப்ப அவங்களுக்குப் பேச்சு நல்லாத்தான் இருந்துச்சு."

"அதுக்கு என்ன சொன்னாங்க?"

மொராக் கையைத் துணியில் துடைத்தாள். "'ரொம்ப அழகான உலகம் கட்டியிருக்கான் மொராக். ஆனா அதுல என்னை மாதிரி ஒருத்தர்கூட இல்ல. நான் எந்த வேஷத்துல போவேன்? நான் போனா அவன் உலகந்தான் கெடும்'னாங்க. சொல்லிட்டுச் சிரிச்சாங்க. உங்கிட்டச் சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிக்கிட்டாங்க. நானும் சொல்லல."

சீஸ் கரண்டி ஃபெர்கஸின் கையிலேயே நின்றுவிட்டது. சுவருக்கு அந்தப் பக்கம் படுத்திருந்தவளுக்காக உலகம் கட்டுகிறோம் என்று நினைத்தானே! அவளுக்கும் சேர்த்தல்லவா அதில் கதவைச் சாத்தியிருக்கிறான்! அவள் ஒரு தடவையாவது வந்து ஆடியிருந்தால் எப்படி ஆடியிருப்பாள்? அவனுக்கு அது இனி ஒருநாளும் தெரியப்போவதில்லை. அக்காவின் சமையலறையில், ரொட்டிக்கும் சீஸுக்கும் நடுவில் நின்றுகொண்டு, நாற்பது வயது தாண்டிய அந்த ஆள் அழுதான். மொராக் தடுக்கவில்லை.

மறுநாள் அவன் ஐரினி வீட்டுக்குப் போனான். கதவைத் திறந்தவள் ஆச்சரியப்பட்டாலும் உள்ளே கூப்பிட்டாள். முன்னறையில் பெரிய மேசை ஒன்று புதிதாகப் போடப்பட்டிருந்தது. அதைச் சுற்றி ஐந்து கோப்பைகள், பாதி தின்ற பிஸ்கட். யாரோ இப்போதுதான் கிளம்பிப் போயிருக்கிறார்கள் என்று தெரிந்தது.

"சட்டத்த மாத்திட்டேன். ஹிரியா வரலாம். கப்பல்ல அவளுக்கு இடம் இருக்கு" என்றான் உட்காராமலேயே.

"எனக்காக மாத்தினியா? இல்ல, தப்புன்னு தெரிஞ்சு மாத்தினியா?"

அவன் அம்மா சொன்னதைச் சொன்னான். சொல்லும்போது இரண்டு இடத்தில் நிறுத்த வேண்டியிருந்தது. ஐரினி அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். நெடுநேரம் விடவில்லை.

"பாவம், உங்கம்மா. எனக்கு அவங்களத் தெரியாது. ஆனா அவங்க சொன்ன ஒவ்வொரு வார்த்தையும் எனக்குத் தெரியும்" என்றாள்.

"அப்ப வருவியா?"

அவள் தலையசைத்தாள், இல்லை என்று. "உம்மேல கோபம் இல்ல ஃபெர்கஸ். அது போயிருச்சு. ஆனா ஹிரியா வேற கப்பல்ல ஏறிட்டா. இங்க ஒரு கூட்டம் சேந்திருக்கு. காது கேக்காத ஒருத்தர், கண்ணு தெரியாத ஒரு டீச்சர், அப்படி எதுவும் இல்லாத ரெண்டு பேரு. கதைய நான் நடத்தறேன். இங்க யாரும் எதையும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்ல. அது எவ்வளவு நிம்மதின்னு உனக்குச் சொன்னாப் புரியாது."

அவன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். அவள் மெதுவாகச் சொன்னாள். "உன் மேசையில நீங்க ரெண்டு பேரும் ஓட்டுப் போட்டப்ப நான் எதிர்லதான் இருந்தேன். அத மன்னிச்சிட்டேன். மறக்க முடியல. மறுபடி அங்க உக்காந்தா அதுதான் ஞாபகம் வரும்."

தேநீர் கொடுத்தாள். தண்ணீர்ப் பரிசோதனை, அவன் டேங்கர், ஊர்ச் செய்தி என்று கொஞ்சம் பேசினார்கள். கிளம்பும்போது வாசல் வரை வந்தாள். எல்லாம் நல்லபடியாகத்தான் இருந்தது. அதுதான் அவனுக்குத் தாங்கவில்லை. அவள் கத்தியிருந்தால், சண்டை போட்டிருந்தால், ஒருவேளை அவள் திரும்பி வரக்கூடும் என்று நம்பியிருப்பான்.

அந்த வாரம் ஸ்கல்லி ஷெட்டுக்கு வந்தபோது ஃபெர்கஸ் மெரிடனின் சட்டதிட்டங்களை அடித்து அடித்துத் திருத்திக்கொண்டிருந்தான். வருடக்கணக்கான உழைப்பு. பக்கத்துக்குப் பக்கம் சிவப்பு மை.

"அவதான் வரலைன்னுட்டாளே. இன்னும் எதுக்குடா இத மாத்திக்கிட்டிருக்க?" என்றான் ஸ்கல்லி.

ஃபெர்கஸ் பேனாவைக் கீழே வைத்தான்.

"அவ வரணும்னு மாத்தல. வரமாட்டா, தெரியும். எங்கம்மாவும் வரப்போறதில்ல. நாளைக்கு யாரோ ஒருத்தர் இந்தக் கதவுகிட்ட வந்து நின்னு, உள்ள தனக்கு எடம் இருக்கான்னு பாப்பாங்க பாரு, அவங்களுக்காக மாத்தறேன். கஷ்டத்த ஒழிக்கறேன்னு நெனச்சு மனுஷங்களையே ஒழிச்சுட்டேன் ஸ்கல்லி. வருங்காலம் எப்படி இருக்கணும்னு கனவு காண எல்லாருக்கும் உரிமை உண்டு. ஆனா அதுல யார் இருக்கலாம், யார் இருக்கக் கூடாதுன்னு ஓட்டுப் போட எவனுக்கும் உரிமை கிடையாது. அவங்களுக்கு என்ன வேணும்னு நாம முடிவு பண்றதுக்கு முன்னாடி, அவங்களக் கேக்கணும். பக்கத்து ரூம்ல படுத்திருந்தாங்கடா எங்கம்மா. ஒரு தடவகூட நான் கேக்கல."